கச்சேரி ரத்தாகிவிட்டதா? பணத்தை மீட்க ஒரு ஜெராக்ஸ் கடைக்காரியின் வழிமுறை

மதுரை கோரிப்பாளையத்தில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். டிக்கெட் அச்சடிக்க வருகிறவர்கள்தான், நிகழ்ச்சி நின்றுபோனால் புகார் அச்சடிக்கவும் வருகிறார்கள். சுற்றுச்சாலை ஓரத் திடல்களில் மேடை கட்டி, ஆயிரக்கணக்கில் நாற்காலி போட்டு நடத்துகிற இசை நிகழ்ச்சி, மழை, போலீஸ் அனுமதி, பாடகருக்குக் காய்ச்சல், மேடைக்காரருக்குப் பாக்கி என்று ஏதோ ஒன்றில் மாட்டிக் கடைசி நேரத்தில் கவிழ்ந்துவிடுகிறது. மறுநாள் காலை என் கடைக்கு வருகிற எல்லோரிடமும் கோபம் இருக்கும். பாதிப் பேரிடம் டிக்கெட் இருக்காது. அந்தப் பாதிப் பேருக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

செய்தி காதில் விழுந்ததும் ரத்தா, ஒத்திவைப்பா என்று பாருங்கள். வாட்ஸ்அப்பில் சுற்றி வருவதை நம்பாமல், டிக்கெட் விற்ற தளத்திலும் அமைப்பாளரின் பக்கத்திலும் போய்ப் பாருங்கள். ரத்து என்றால் பணம் திரும்ப வேண்டும், அதில் பேச்சே இல்லை. ஒத்திவைப்பு என்றால் இதே டிக்கெட் புதிய தேதிக்குச் செல்லும் என்பார்கள். அந்தத் தேதியில் உங்களுக்குத் தேர்வோ, தங்கை நிச்சயதார்த்தமோ இருந்தால் அன்றைக்கே எழுத்தில் பணத்தைக் கேளுங்கள். பேசாமல் இருந்துவிட்டால் சம்மதம் என்று எடுத்துக்கொள்வார்கள்.

2023-இல் சென்னையில் ஏ.ஆர்.ரகுமான் நிகழ்ச்சிக்கு நேர்ந்தது பலருக்கும் நினைவிருக்கும். ஆகஸ்ட் 12 அன்று நடக்க வேண்டியது மழையால் நின்றது. செப்டம்பர் 10-க்குத் தள்ளிவைத்துக் கிழக்குக் கடற்கரைச் சாலையில் பனையூரில் நடத்தினார்கள். அன்று கூட்டம் கட்டுக்கடங்காமல் போய், டிக்கெட் வைத்திருந்த பலரே உள்ளே நுழைய முடியாமல் திரும்பினார்கள். அப்படித் திரும்பியவர்கள் டிக்கெட் நகலை மின்னஞ்சலில் அனுப்பும்படி ரகுமானே கேட்டுக்கொண்டார். அத்தனை பெரிய மனிதர் கேட்டதும் அந்த நகலைத்தான்.

என்னென்ன எடுத்துவைக்க வேண்டும்

ஒரு தம்பி வந்தான். கண்ணாடி மேசை மேல் கைபேசியை வைத்து, "அக்கா, இதை அச்சடித்துக் கொடுங்கள்" என்றான். டிக்கெட் வாங்கிய மகிழ்ச்சியில் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போட்டிருந்த படம் அது. பாடகர் படம் இருந்தது, நிகழ்ச்சித் தேதி இருந்தது, மேலே நெருப்புப் படமும் ஒட்டியிருந்தது. பதிவு எண் இருந்த இடத்தில் மட்டும் பெரிய சிவப்பு இதயம். அந்த இதயத்துக்குக் கீழே என்ன எண் என்று எந்த அதிகாரிக்கும் தெரியப்போவதில்லை. டிக்கெட் வந்த மின்னஞ்சலைத் தேடி, குப்பைப் பெட்டியிலிருந்து மீட்டு எடுத்தோம்.

ஆகவே, டிக்கெட்டை முழுமையாக எடுங்கள்: பதிவு எண், க்யூஆர் கட்டம், இருக்கை வகை, விலை எல்லாம் தெரிய வேண்டும். அடுத்து, பணம் போன குறுஞ்செய்தியும் வங்கிக் கணக்கில் அந்த ஒற்றை வரியும். யுபிஐ என்றால் 12 இலக்கப் பரிவர்த்தனை எண் இருக்கும். நாளைக்கு வங்கியில் பேசும்போது அந்த எண்தான் பேசும். பிறகு நிகழ்ச்சியை அறிவித்த விளம்பரம். "மழை வந்தாலும் நடக்கும்" என்று போஸ்டரில் போட்டிருந்தால் அதைக் கட்டாயம் படம் எடுங்கள், பிற்பாடு அந்த வரி காணாமல் போய்விடும்.

ரத்து அறிவிப்பைத்தான் எல்லோரும் தவறவிடுகிறார்கள். இன்ஸ்டாகிராம் ஸ்டோரியில் போடுவார்கள், 24 மணி நேரத்தில் அது தானாக மறைந்துவிடும். யார் போட்டது, எந்த நாள், எத்தனை மணி என்பது தெரியும்படி திரையை அப்படியே பிடியுங்கள். அழகுக்காக ஓரத்தை வெட்டாதீர்கள். எல்லாவற்றையும் உங்கள் மின்னஞ்சலுக்கே ஒருமுறை அனுப்பிவிடுங்கள். கைபேசி கீழே விழுந்து உடைவதற்கு நல்ல நேரம் பார்ப்பதில்லை.

க்யூஆர் கட்டத்தைப் பொதுவெளியில் மட்டும் போடாதீர்கள். நிகழ்ச்சி ஒத்திவைப்பு என்றானால், அதே கட்டத்தைக் காட்டி வேறொருவர் உள்ளே போய்விடலாம்.

திடலில் நிற்கும்போதே செய்தி வந்தால்

பூட்டிய வாசலையும் காலி மேடையையும் ஒரு படம் எடுத்துக்கொண்டு வெளியே வந்துவிடுங்கள். தடுப்புக் கம்பியை ஆட்டுவதும், ஃப்ளெக்ஸைக் கிழிப்பதும், வாசலில் நிற்கும் பையனைச் சட்டையைப் பிடிப்பதும் வேண்டாம். அந்தப் பையன் அன்றைய கூலிக்கு வந்தவன், அவனுக்கே சம்பளம் வருமா என்று தெரியாது. இரவில் ஒரே வாசல் வழியாகப் பெருங்கூட்டம் ஆத்திரத்தோடு வெளியேறுவது சாதாரண விஷயம் இல்லை. 2025 செப்டம்பர் 27 அன்று கரூரில் அரசியல் கூட்ட நெரிசலில் 41 பேர் உயிரிழந்தார்கள். கூட்டம் அளவு மீறியது என்று போலீஸ் நிறுத்தினால், அந்த ஒரு காரணத்தை மட்டும் நான் குறை சொல்ல மாட்டேன்.

வெளியூர்க்காரர்கள் முதலில் பஸ்ஸைப் பிடியுங்கள். தேனி, திண்டுக்கல் பக்கம் என்றால் ஆரப்பாளையம், திருச்சி, விருதுநகர், திருநெல்வேலி பக்கம் என்றால் மாட்டுத்தாவணி. ரயில் டிக்கெட்டோ விடுதி அறையோ முன்பதிவு செய்திருந்து இனி தேவையில்லை என்றால், உடனே ரத்துச் செய்யுங்கள். மணி ஏற ஏறத் திரும்பக் கிடைக்கும் தொகை குறைந்துகொண்டே போகும். பஸ் டிக்கெட்டு, விடுதி ரசீது எதையும் கசக்கி எறியாதீர்கள்.

யாரிடம் கேட்பது

பாடகரிடம் இல்லை. ரத்தான அன்று இரவு முழுக்க அவரை ஃபேஸ்புக்கில் திட்டித் தீர்ப்பதில் வயிற்றெரிச்சல் கொஞ்சம் ஆறலாம். நானும் வாசித்துச் சிரித்திருக்கிறேன், சிலர் வெண்பாவே எழுதுகிறார்கள். ஆனால் உங்கள் காசு அவரிடம் போகவில்லை. உங்கள் வங்கிக் குறுஞ்செய்தியில் யார் பெயருக்குப் பணம் போனதாக இருக்கிறதோ அவரிடம் கேளுங்கள். பெரும்பாலும் அது டிக்கெட் தளமாக இருக்கும். அமைப்பாளருக்கு ஒரு படி அனுப்புங்கள். தளம் அமைப்பாளரைக் காட்டும், அமைப்பாளர் தளத்தைக் காட்டுவார். இரண்டு பேருக்கும் ஒரே மின்னஞ்சலில் எழுதிவிட்டால் பந்தாட முடியாது.

கல்லூரிப் பிள்ளைகளுக்கு ஒரு சொல். ஒருவன் கார்டில் ஐந்து பேருக்கும் சேர்த்து வாங்கியிருப்பீர்கள். பணம் அவன் கணக்குக்குத்தான் திரும்பும், ஆகவே புகாரும் அவன் பெயரில் போக வேண்டும். யார் எவ்வளவு கொடுத்தீர்கள் என்று இப்போதே எழுதிவைத்துக்கொள்ளுங்கள். ஒரு கச்சேரி போனது போதும், நட்பும் போக வேண்டாம். யாரிடமோ கூடுதல் விலைக்கு வாங்கியிருந்தால், விற்றவர் கணக்குக்குத்தான் தளம் பணத்தை அனுப்பும். அதை அவரிடமிருந்து வாங்குவது உங்கள் சாமர்த்தியம்.

எப்படி எழுதுவது

ஒருவர் நான்கு பக்கம் கையால் எழுதிக்கொண்டு வந்தார். அந்தப் பாடகியின் குரலைக் கேட்டுத்தான் பத்தாம் வகுப்பில் தேறினேன் என்று தொடங்கியது. ரசித்துப் படித்தேன். பதிவு எண் நான்காம் பக்கத்தின் அடியில் இருந்தது. குறைதீர்ப்பு மேசையில் உட்கார்ந்திருப்பவர் அதுவரை வர மாட்டார். கீழே இருப்பதைப் போல அரைப் பக்கத்துக்குள் முடியுங்கள்:

"ஐயா / அம்மையீர், மதுரையில் (இடம்) (தேதி) அன்று நடப்பதாக அறிவித்த இசை நிகழ்ச்சிக்கு (எண்ணிக்கை) டிக்கெட்டுகள் வாங்கினேன். பதிவு எண் … , பரிவர்த்தனை எண் … . செலுத்திய மொத்தத் தொகை ரூ. … ; இதில் டிக்கெட் விலை ரூ. … , சேவைக் கட்டணமும் வரியும் ரூ. … . நிகழ்ச்சி ரத்து என்று (தேதி, நேரம்) நீங்கள் அறிவித்தீர்கள். பணம் கொடுத்த சேவை எனக்குக் கிடைக்கவில்லை. முழுத் தொகையையும் நான் செலுத்திய அதே கணக்கில் 30 நாட்களுக்குள் திரும்பச் செலுத்தக் கேட்டுக்கொள்கிறேன். தவறினால் 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் மாவட்ட ஆணையத்தில் முறையிடுவேன். நகல்கள் இணைக்கப்பட்டுள்ளன."

30 நாள் என்பது நானாகச் சொன்ன கெடு இல்லை. குறைபாடுள்ள சேவைக்கு வாங்கிய தொகையை, ரசீதில் குறிப்பிட்ட காலத்துக்குள், அப்படிக் காலம் எதுவும் குறிப்பிடாவிட்டால் 30 நாட்களுக்குள் திரும்பத் தர மறுப்பது முறையற்ற வணிகம் என்று அந்தச் சட்டமே சொல்கிறது. சேவைக் கட்டணத்தைத் தனியாக எழுதச் சொன்னதற்கும் காரணம் உண்டு. டிக்கெட் விலையை மட்டும் கொடுத்துவிட்டு அந்த நூறு இருநூறை விழுங்கப் பார்ப்பார்கள். என்ன சேவை செய்தார்கள், கட்டணம் வைத்துக்கொள்ள? கேளுங்கள்.

"டிக்கெட் தொகை திருப்பித் தரப்பட மாட்டாது என்ற நிபந்தனையை நீங்கள் ஏற்றுக்கொண்டீர்களே" என்று பதில் வரும். நீங்கள் வராமல் போனால் அந்த நிபந்தனை சரி. அவர்களே நடத்தாமல் போனதற்கு அதைக் காட்டுவது சாக்குப்போக்கு. மழையைக் காட்டினாலும் பின்வாங்காதீர்கள். மழை உங்கள் மேலும்தான் பெய்தது. நடத்த முடியாமல் ஒப்பந்தம் செல்லாமல் போனால், அதில் பெற்ற பயனைத் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்று 1872-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 65-ஆம் பிரிவில் இருக்கிறது. அந்தப் பிரிவு எண்ணையும் பதிலில் ஒரு வரி சேர்த்துவிடுங்கள். எதிர்முனையில் தொனி மாறுவதைப் பார்த்திருக்கிறேன்.

இடையில் வரும் திருடர்கள்

ரத்து செய்தி பரவிய சில மணி நேரத்தில் "பணத்தைத் திரும்பத் தருகிறோம்" என்று போன் வரும். ஆளும் இனிமையாகப் பேசுவார். ஒரு இணைப்பு அனுப்புவார், அல்லது ஒரு க்யூஆரை ஸ்கேன் செய்து யுபிஐ ரகசிய எண்ணை (PIN) போடச் சொல்வார். பணம் வாங்குவதற்கு அந்த ரகசிய எண் தேவையே இல்லை. போட்டால் பணம் உங்களிடமிருந்துதான் போகும். திட்டித் தீர்க்கிற பதிவுகளில் கைபேசி எண்ணைப் போடுகிறவர்களைத்தான் இவர்கள் தேடிப் பிடிக்கிறார்கள். ஏமாந்துவிட்டால் தயங்காமல் உடனே இணைய மோசடிப் புகாருக்கான 1930-ஐ அழையுங்கள். அங்கே ஒவ்வொரு நிமிடமும் கணக்கு.

பதிலே வராவிட்டால்

"அனுப்பிவிட்டோம்" என்று தளம் சொல்லியும் கணக்கில் வரவில்லை என்றால், பணம் அனுப்பியதற்கான குறிப்பு எண்ணைக் கேட்டு வாங்கி வங்கிக்குப் போங்கள். எண் இல்லாமல் போனால் வங்கி உங்களைத் தளத்துக்கே திருப்பி அனுப்பும். கார்டில் செலுத்தியிருந்தால், கார்டு கொடுத்த வங்கியிடம் சார்ஜ்பேக், அதாவது அந்தப் பரிவர்த்தனையை மறுத்துப் பணத்தைத் திரும்ப வாங்கித் தரும்படி, கோரலாம். அதற்குக் காலக்கெடு உண்டு என்பதால் மாதக்கணக்கில் தள்ளிப்போட வேண்டாம்.

அடுத்தது 1915, தேசிய நுகர்வோர் உதவி எண். தமிழிலேயே பேசலாம். பதிவு எண், தேதி, தொகை மூன்றையும் ஒரு தாளில் எழுதி முன்னால் வைத்துக்கொண்டு பேசுங்கள். புகார் எண் தருவார்கள், குறித்துக்கொள்ளுங்கள். சின்னத் தொகைகள் பெரும்பாலும் இந்தக் கட்டத்திலேயே வந்துவிடுகின்றன.

அதற்கும் அசையாவிட்டால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். கோர்ட் என்று பயப்பட வேண்டியதில்லை. வழக்கறிஞர் கட்டாயம் இல்லை. நீங்கள் கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய்க்குள் என்றால் மனுவுக்குக் கட்டணமும் இல்லை. நிறுவனம் மும்பையில் இருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே மனுப் போடலாம், இணையத்திலும் தாக்கல் செய்யலாம். இரண்டு ஆண்டுகள் வரை நேரம் உண்டு. டிக்கெட் தொகையோடு பயணச் செலவு, விடுதிச் செலவு, மன உளைச்சல் எல்லாவற்றுக்கும் கேட்கலாம். ரசீது உள்ளதற்குப் பலன் அதிகம், மன உளைச்சலுக்கு அவர்கள் மனம் வைத்ததுதான். ஒரே நிகழ்ச்சியில் ஏமாந்தவர்கள் பலர் இருந்தால், ஆணையத்தின் அனுமதியோடு எல்லோர் சார்பிலும் ஒருவரே மனுப் போடவும் சட்டம் இடம் தருகிறது. ரசிகர் வாட்ஸ்அப் குழுக்கள் இதற்கு உதவினால் எவ்வளவோ நன்றாக இருக்கும். இப்போதைக்கு அவற்றில் அழுகிற பொம்மைதான் அதிகம்.

கூப்பன் கொடுத்தால்

பணத்துக்குப் பதில் அடுத்த நிகழ்ச்சிக்குக் கூப்பன் தருகிறோம் என்பார்கள். எல்லாக் கூப்பனும் மோசடி இல்லை. இங்கிலாந்தின் கிளாஸ்டன்பரி விழா கொரோனாவால் 2020-இலும் 2021-இலும் நடக்கவில்லை. 50 பவுண்டு முன்பணம் கட்டியவர்கள், அதைத் திரும்பப் பெறலாம், அல்லது அடுத்த ஆண்டு இடத்துக்கு அப்படியே விட்டுவைக்கலாம் என்றார்கள். 2022-இல் விழா நடந்தது, 2020-க்கு அறிவித்திருந்த பால் மெக்கார்ட்னியும் வந்து பாடினார். ஆனால் அது 1970-இலிருந்து அதே பண்ணையில் நடக்கும் விழா. இங்கே ஒரு நிகழ்ச்சிக்காக முளைத்த நிறுவனம் அடுத்த ஆண்டு அதே பெயரில் இருக்குமா என்று யோசியுங்கள். எந்த நாள் வரை செல்லும், அதே வகை இருக்கைதானா, அந்த நிகழ்ச்சியும் ரத்தானால் ரொக்கமாகத் தருவார்களா என்று கேளுங்கள். இதற்கெல்லாம் எழுத்தில் பதில் வராவிட்டால், கூப்பன் வேண்டாம், பணமே வேண்டும் என்று அதே மின்னஞ்சலுக்குக் கீழேயே பதில் போட்டு, அதையும் ஒரு படி எடுத்துவையுங்கள்.