கோயில் காய்கறித் தோட்டத்தின் கோடைத் தொடக்கம்: சேலத்துக் கத்தோலிக்கப் பங்குகளுக்கு

பங்குனி பிறந்ததும் கோயில் வளாகத் தோட்டங்கள் திணற ஆரம்பிக்கும். வெயில் மட்டும் அதற்குக் காரணமில்லை. வீட்டுத் தோட்டத்துக்குப் பொறுப்பு ஒரே ஆள். தண்ணீர் ஊற்றியாயிற்றா என்பது அவருக்குத் தெரியும். கோயிலைச் சேர்ந்த பங்கு மக்கள் பலர் சேர்ந்து பார்க்கும் தோட்டத்தில் திங்களன்று மூன்று பேர் ஊற்றுவார்கள், செவ்வாயும் புதனும் எட்டிப் பார்க்க ஆள் இருக்காது. சேலத்து வெயிலில் இரண்டு நாள் காய்ந்தால் கீரைப் பாத்தி போய்விடும். ஆகவே எதை நடுவது என்று பேசுவதற்கு முன்னால், எவ்வளவு தண்ணீர் இருக்கிறது, எத்தனை கை இருக்கிறது என்று கணக்குப் போடுங்கள்.

தண்ணீர்க் கணக்கு

மார்ச் கடைசியிலிருந்து மே முடிய, நன்றாக வளர்ந்த பயிருக்கு ஒரு சதுர மீட்டருக்கு நாளொன்றுக்கு ஏறக்குறைய 5 லிட்டர் வேண்டும். 10 அடி நீளம், 4 அடி அகலமுள்ள பாத்தி 3.7 சதுர மீட்டர். அதற்கு 18 முதல் 20 லிட்டர், அதாவது 15 லிட்டர் குடத்தால் ஒன்றேகால் குடம். ஆறு பாத்திக்கு எட்டுக் குடம். ஒரு சென்ட் முழுக்கப் பயிர் நின்றால் 200 லிட்டர் டிரம் ஒன்று தினமும் காலியாகும். மே மாதத்தில் கோயில் போர்வெல் எவ்வளவு தரும் என்று பழைய ஆட்களைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். பிப்ரவரியில் கொட்டுகிற தண்ணீரை நம்பிப் பாத்தி போடக் கூடாது. பத்துப் பாத்தியை அரை வயிறாக வைத்திருப்பதைவிட நாலு பாத்திக்கு வயிறு நிறையக் கொடுப்பது மேல். மேட்டூர் குடிநீரைத் தோட்டத்துக்குத் திருப்பவே வேண்டாம்.

ஊற்றும் நேரம் காலை 6 மணியிலிருந்து ஏழரைக்குள். பகலெல்லாம் வெயிலில் கிடந்த ஹோஸ் பைப்பை மாலையில் திறந்தால் முதலில் வருவது சுடுதண்ணீர். அதை வாளியில் பிடித்து ஆறவிட்ட பிறகே செடிக்கு ஊற்றலாம். இலைமேல் தெளிக்காமல் வேருக்கு ஊற்றுங்கள். மண்ணில் விரலை விட்டுப் பாருங்கள். இரண்டு அங்குலத்துக்குக் கீழே ஈரம் தட்டினால் வெண்டைக்கும் கத்திரிக்கும் அன்று தண்ணீர் தேவையில்லை. கீரைக்கு மட்டும் இந்தச் சலுகை கிடையாது.

பாத்தியும் மூடாக்கும்

மழைக்காலத்துக்குப் போட்ட மேட்டுப்பாத்தியை அப்படியே கோடைக்கும் வைத்திருப்பது பல தோட்டங்களில் நடக்கிற தவறு. மேட்டுப்பாத்தி நாலா பக்கமும் காயும். மார்ச்சில் அதை இறக்கி, நடைபாதையைவிட 4 அங்குலம் தாழ்ந்த பாத்தியாக மாற்றுங்கள். ஒரு ஓரத்தில் மடை வைத்து மண்ணால் அடைத்துவிடுங்கள். சித்திரையில் கோடை மழை ஒரே மணி நேரத்தில் கொட்டிவிட்டுப் போகும். அப்போது மடையை வெட்டிவிட ஆள் இல்லையென்றால் தாழ்பாத்தி குட்டையாகி வேர் அழுகும்.

மூடாக்கு, அதாவது மண் காயாமல் மேலே பரப்பும் சருகு, இரண்டு அங்குலம், அதிகம் போனால் மூன்று. கரும்புச் சோகை, காய்ந்த வேப்பிலை, நிலக்கடலைத் தோல் எதுவும் ஆகும். தண்டிலிருந்து இரண்டு அங்குலம் தள்ளிப் போடுங்கள். நம் செம்மண்ணில் கரையான் முதலில் மூடாக்கைத் தின்னும், அடுத்து தண்டுக்கு ஏறும். வாரம் ஒரு முறை குச்சியால் புரட்டிப் பாருங்கள். கையை விட வேண்டாம், குளிர்ச்சிக்குப் பாம்பும் தேளும் அங்கேதான் வந்து படுக்கும். குருத்தோலை ஞாயிறு அலங்காரத்தில் கழித்துப்போட்ட ஓலைகள் நல்ல மூடாக்கு. மந்திரித்த ஓலைகளை அதில் சேர்க்காதீர்கள், அவை அடுத்த ஆண்டு சாம்பல் புதனுக்கு எரிக்க வேண்டியவை. சேகோ ஆலைத் திப்பி (மரவள்ளிக் கிழங்குச் சக்கை) சும்மா கிடைக்கிறதே என்று பாத்தியில் கொட்டவும் கூடாது. மாவுச்சத்து புளித்துச் சூடேறும், மட்கும்போது மண்ணின் தழைச்சத்தை இழுத்துக்கொள்ளும். சாணத்தோடு குப்பைக்குழியில் போட்டு, நன்றாக மட்கிய பிறகு எடுங்கள்.

ஆள் குறைந்த பங்குகளுக்குப் பானைப் பாசனத்தைத்தான் முதலில் சொல்வோம். சுட்ட மண்பானை, வர்ணம் பூசாதது, 6 அல்லது 7 லிட்டர் கொள்வதை வாங்குங்கள். கழுத்து மட்டும் வெளியே தெரியும்படி புதைத்து, சுற்றி ஒரு சாண் தள்ளி நாலைந்து பீர்க்கன் அல்லது புடலை விதையை ஊன்றி, முளைத்தபின் நல்லது இரண்டை விட்டு மற்றதைக் கிள்ளிவிடுங்கள். விதை வேர் பிடிக்கும் வரை, இரண்டு வாரம் மேலேயும் தண்ணீர் தெளிக்க வேண்டும். பிறகு மூன்று நாளுக்கு ஒரு முறை பானையை நிரப்பினால் போதும். வாயை மூடியால் மூடுங்கள், இல்லாவிட்டால் கொசு பெருகும். நம் போர்வெல் தண்ணீரின் உப்பு ஒரு பருவத்தில் பானையின் நுண்துளைகளை அடைத்துவிடும். பயிர் முடிந்ததும் தோண்டி எடுத்து, எலுமிச்சைச் சாறோ வினிகரோ கலந்த தண்ணீரில் ஒரு நாள் ஊறவிட்டு, தேங்காய் நாரால் தேய்த்து வையுங்கள்.

முறை வைப்பது

ஆளுக்கு ஒரு நாள் என்று முறை வைத்தால் ஒருவர் ஊருக்குப் போனதும் சங்கிலி அறுந்துவிடும். அன்பியத்துக்கு (பங்குக்குள் அக்கம்பக்கத்துக் குடும்பங்கள் சேர்ந்த குழு) ஒரு நாள் என்று பிரியுங்கள். அன்பியத்துக்குள் யார் வருவது என்பதை அவர்களே பார்த்துக்கொள்ளட்டும். மோட்டார் அறைச் சாவி ஒரே ஆளிடம் இருக்கக் கூடாது, ஒன்று கோயிலில் மறைக்கல்வி சொல்லித்தரும் உபதேசியாரிடமும் இருக்கட்டும். குழாயடியில் ஒரு அட்டை தொங்கவிட்டு, ஊற்றியவர் தேதியும் பாத்தி எண்ணும் எழுதிவிட்டுப் போனால் இரட்டைத் தண்ணீர் நின்றுவிடும்.

ஆள் குறையும் நாட்கள் முன்கூட்டியே தெரிந்தவைதான். ஈஸ்டர் மார்ச் 22-க்கும் ஏப்ரல் 25-க்கும் இடையில் எந்த ஞாயிறிலும் வரலாம். பெரிய வியாழன் முதல் ஈஸ்டர் வரை எல்லோரும் கோயிலுக்குள் இருப்பார்கள், தோட்டத்தில் யாரும் இருக்க மாட்டார்கள். அந்த நாலு நாளுக்கு விடியற்காலை வர இரண்டு பேரிடம் முன்பே பேசிவையுங்கள். அடுத்த பள்ளம் பள்ளி விடுமுறையின் தொடக்கம். மே வந்துவிட்டால் கவலை குறையும். அது மாதாவின் வணக்க மாதம், மாலை ஜெபமாலைக்கு வருகிறவர்கள் அரை மணி முன்னால் வந்தால் கத்திரி வெயிலிலும் தோட்டம் பிழைக்கும்.

எதை விதைப்பது

பறிக்க வரும் நாளை வைத்துப் பயிரைத் தேர்ந்தெடுங்கள். வெண்டைக்காயை இரண்டு நாளுக்கு ஒரு முறை பறித்தே ஆக வேண்டும். ஞாயிறு மட்டும் பறித்தால் பாதிக்காய் நார்; முற்றிய காய் செடியில் நின்றால் புதுப் பூவும் குறையும். வாரம் மூன்று நாள் ஆள் வந்தால் வெண்டையும் கொத்தவரையும் போடுங்கள். வாரம் இரண்டு நாள்தான் என்றால் கத்திரி, மிளகாய், பூசணி, கீரை. வெண்டையை மார்ச் நடுவுக்குள் ஒன்றரை அடிக்கு ஓரடி இடைவெளியில் ஊன்றுங்கள், 45 நாளில் காய் வரும். தக்காளி நாற்றை ஏப்ரலில் நட வேண்டாம். பகல் வெப்பம் 35 டிகிரியைத் தாண்டினால் பூ காய்பிடிக்காமல் உதிர்ந்துவிடும்.

கீரைக்கு மட்டும் 50 சதவீத நிழல்வலை நல்லது. ஏழடி உயரத்தில், ஒரு பக்கம் சட்டென்று அவிழ்க்கும்படி கட்டுங்கள். சித்திரைக் காற்று வலையோடு கம்பத்தையும் பிடுங்கிப் போடும். 10 அடிப் பாத்திக்கு 5 கிராம் சிறுகீரை விதை, இரண்டு கைப்பிடி மணலோடு கலந்து தூவி, ஈரச் சாக்கால் மூடுங்கள். எறும்பு விதையைக் கடத்தாமலிருக்கப் பாத்திக்கு வெளியே அரிசிக் குருணை தூவலாம். முளை தெரிந்த அன்று மாலையே சாக்கை எடுங்கள். காலையில் எடுத்தால் மதியத்துக்குள் நாற்று கருகிவிடும். 25 நாளில் அறுக்கலாம். பத்து நாளுக்கு ஒரு பாத்தியாக விதைத்தால் கீரை விட்டுப்போகாது.

கொடிக்கு மரவள்ளிக் குச்சி நம் ஊரில் எளிதாகக் கிடைக்கும். பச்சையாக ஊன்றினால் அதுவே துளிர்த்துத் தண்ணீர் குடிக்கும். ஒரு மாதம் காய்ந்த குச்சியை, மாவுப்பூச்சி விழாத காட்டிலிருந்து எடுங்கள்.

கோளாறுகள்

வெண்டை இலையின் நரம்பு மஞ்சளாகி வலைபோலத் தெரிந்தால் அது வெள்ளை ஈ பரப்பும் நச்சுயிரி. மருந்தில்லை. செடியைப் பிடுங்கிப் புதைத்துவிடுங்கள். காய்க்கிறதே என்று ஒரு செடியை விட்டால் பாத்தி முழுக்கப் போகும். வெள்ளை ஈயைக் குறைக்க மஞ்சள் ஒட்டுப்பொறியைச் செடியின் நுனி மட்டத்தில் தொங்கவிடுங்கள். வேப்பங்கொட்டைப் பருப்பை இடித்து, லிட்டருக்கு 50 கிராம் என்று துணியில் கட்டி இரவெல்லாம் ஊறவைத்துப் பிழிந்து, கொஞ்சம் காதி சோப்பு கரைத்து, மாலை 5 மணிக்கு மேல் இலையின் அடியில் படும்படி அடியுங்கள். வெயிலில் அடித்தால் வீரியமும் போகும், இலையும் பொசுங்கும்.

கத்திரியின் நுனி மட்டும் வாடித் தொங்கினால் உள்ளே புழு. தண்ணீர்ப் பற்றாக்குறை என்று நினைத்து ஊற்றிக்கொண்டே இருப்பார்கள். வாடிய நுனிக்கு ஓர் அங்குலம் கீழே கிள்ளி நசுக்கிவிடுங்கள்.

மாந்தோப்புக்காரர்கள் கொடுக்கும் மெத்தில் யூஜினால் பொறியை (வாசனையால் பழ ஈயை இழுப்பது) பாகலுக்கும் பீர்க்கனுக்கும் வைப்பதில் பயனில்லை. கொடிக்காய்களைக் குத்தும் பழ ஈ வேறு. அது கியூலூர் என்ற வேறு வாசனைப் பொறிக்குத்தான் வரும். குத்துப்பட்டுக் கோணிய காயைக் குப்பைக்குழியில் போடாமல், பிளாஸ்டிக் பையில் கட்டி வெயிலில் போடுங்கள். பூசணி பிஞ்சு மஞ்சளாகி விழுந்தால் மகரந்தம் சேரவில்லை. காலை 8 மணிக்குள் ஆண்பூவைப் பறித்துப் பெண்பூவில் தடவுங்கள். பீர்க்கன் பூ மாலையில்தான் விரியும். கோடை உச்சத்தில் ஆண்பூ மட்டுமே பூப்பது வெப்பத்தின் விளைவு, செடியைப் பிடுங்க வேண்டாம்.

கொழுந்து இலை வெளுத்து நரம்பு மட்டும் பச்சையாக நின்றால் இரும்புச்சத்துக் குறைவு. சுண்ணாம்பு அடித்த சுவரை ஒட்டிய பாத்தியிலும், கருப்பூர், செட்டிச்சாவடிப் பக்கம் வெள்ளைக்கல் (மேக்னசைட்) கரட்டை ஒட்டிய நிலத்திலும் இது சகஜம். மண்ணில் இரும்பு இருந்தாலும் காரத்தன்மை அதைப் பூட்டிவைத்திருக்கும். லிட்டருக்கு 5 கிராம் அன்னபேதி உப்பு (இரும்பு சல்பேட்), 1 கிராம் சிட்ரிக் அமிலம் கலந்து, பத்து நாள் இடைவெளியில் இரண்டு முறை மாலையில் தெளியுங்கள்.

ஏற்காட்டுப் பங்குகளுக்கு இந்த அன்னபேதிக் கணக்குப் பொருந்தாது. மலைமண் புளிப்பு, அங்கே மண்ணைப் பரிசோதித்துச் சுண்ணாம்பு இட வேண்டிவரும். அங்கே ஏப்ரலிலும் பீன்ஸ், தக்காளி, சௌசௌ நடலாம். காட்டெருமை நுழையாத வேலிதான் மேலே முதல் செலவு.

காயைச் சனி மாலை பறிக்காமல் ஞாயிறு முதல் திருப்பலிக்கு முன் பறியுங்கள். கீரையை ஈரத்துணியில் சுற்றி நிழலில் வையுங்கள், பிளாஸ்டிக் பையில் ஒரு மணி நேரத்தில் வெந்துவிடும். நிறுத்து நோட்டில் எழுதி, ஏழைகளுக்கு உதவும் வின்சென்ட் தே பவுல் சபையிடம் கொடுக்க வேண்டிய பங்கை முதலில் எடுத்து வையுங்கள். மிச்சம் உழைத்தவர்களுக்கு.