காப்பகப் பணியாளர்களுக்கான தாய்ப்பால் பயிற்சி: தவிர்க்க வேண்டிய தவறுகள்

தாய்ப்பாலின் சிறப்பைப் பற்றி ஒன்றரை மணி நேரம் பேசிவிட்டு, எடுத்துவைத்த பாலைக் கையாளும் முறையைக் கடைசிப் பத்து நிமிடத்தில் அவசரமாகச் சொல்லி முடிப்பதுதான் குழந்தைகள் காப்பகங்களுக்கான பயிற்சி வகுப்புகளில் நான் அடிக்கடி காணும் குறை. தாய்ப்பால் நல்லது என்பது பணியாளர்களுக்கு வகுப்புக்கு வருவதற்கு முன்பே தெரியும். பாதி குடித்துவிட்டுக் குழந்தை உறங்கிவிட்டால் புட்டியில் மீந்திருக்கும் 30 மில்லிலிட்டர் பாலை என்ன செய்வது, அம்மா வந்து சேர இன்னும் இருபது நிமிடம் இருக்கும்போது குழந்தை பசியில் சிணுங்கினால் முழுப் புட்டியையும் கொடுப்பதா அல்லது சிறிது கொடுத்துச் சமாளிப்பதா, 'நாளை முதல் கூடுதலாகப் பால் அனுப்புங்கள்' என்று ஒரு தாயிடம் சொல்லலாமா என்பவைதான் அவர்களுக்குத் தெரியாதவை. இவற்றுக்கு விடை தராத வகுப்பு, எவ்வளவு உருக்கமாக நடத்தப்பட்டாலும், மறுநாள் காலை வேலைக்கு உதவாது.

பவுடர் பாலின் அளவுகோலைத் தாய்ப்பாலுக்கும் வைப்பது

மிகுந்த சேதத்தை விளைவிக்கும் தவறு இதுதான் என்பதால் பயிற்சியில் பாதி நேரத்தை இதற்கே ஒதுக்கினாலும் தகும். பவுடர் பால் குடிக்கும் குழந்தை வளர வளர, ஒரு வேளைக்குக் குடிக்கும் அளவும் கூடிக்கொண்டே போகும். பணியாளர்களின் கண் அந்தக் கணக்குக்குப் பழகியிருக்கிறது. தாய்ப்பால் மட்டுமே குடிக்கும் குழந்தையின் கணக்கு வேறு. ஒரு மாதம் முதல் ஆறு மாதம் வரை, நாள் முழுவதும் குடிக்கும் மொத்த அளவு பெரிதாக மாறுவதில்லை. சராசரியாக 750 மில்லிலிட்டரை ஒட்டியே இருக்கும், குழந்தைக்குக் குழந்தை அது கூடலாம், குறையலாம். ஒரு நாளைக்கு எட்டு முறை குடிக்கும் குழந்தைக்கு ஒரு வேளைக்கு 90 முதல் 100 மில்லிலிட்டர் என்பது நிறைவான அளவு. ஆனால் பக்கத்துத் தொட்டிலில் இருக்கும் குழந்தை 180 மில்லிலிட்டர் பவுடர் பாலைக் குடித்து முடிப்பதைப் பார்க்கும் பணியாளருக்கு, 100 மில்லிலிட்டர் புட்டி பரிதாபமாகத் தெரிகிறது. மாலையில் தாயிடம், 'பால் பற்றவில்லை போலிருக்கிறதே' என்கிறார்.

அந்த ஒரு வாக்கியத்தின் பின்விளைவைக் கரும்பலகையில் வரைந்து காட்ட வேண்டும். புட்டியில் வேகமாகவும் கூடுதலாகவும் குடித்துவிட்ட குழந்தை, மாலையில் தாயின் மார்பில் ஆர்வமாகக் குடிக்காது. வெளியேறும் அளவுக்கு ஏற்பவே பால் சுரக்கும் என்பதால், மார்பு காலியாகாத நாட்களில் சுரப்பும் மெல்லக் குறையும். வேலையிடத்தில் பம்ப் வைத்து எடுக்கும் பாலோ, குழந்தை காப்பகத்தில் குடிக்கும் கூடுதல் அளவுக்கு ஈடுகொடுக்காது. அடுத்த வாரம் உண்மையிலேயே பால் பற்றாமல் போகும்; அப்போது பணியாளர், 'நான் அன்றைக்கே சொன்னேன்' என்பார். நல்லெண்ணத்தோடு கூடுதலாக ஊட்டிய 60 மில்லிலிட்டரிலிருந்து இவ்வளவும் தொடங்குகிறது என்பதை முதன்முறையாகக் கேட்கும்போது, வகுப்பில் அனுபவசாலிகள்கூடச் சற்று நேரம் பேசாமல் இருப்பதைப் பார்த்திருக்கிறேன்.

இதே கணக்கிலிருந்து பிறக்கும் இன்னொரு பழக்கம், புட்டியைக் காலிசெய்த குழந்தையைப் பாராட்டுவதும் காலிசெய்யாத குழந்தையின் வாயில் நிப்பிளைத் திரும்பத் திரும்பத் திணிப்பதும் ஆகும். குழந்தை முகத்தைத் திருப்புவது, உதட்டை மூடிக்கொள்வது, இறுக்கிப் பிடித்திருந்த விரல்கள் தளர்வது ஆகியவை வயிறு நிறைந்ததற்கான அடையாளங்கள். அதேபோல், வாயைத் திறந்து தலையை இங்குமங்கும் திருப்புவதும் கையை வாயருகே கொண்டுபோவதும் பசியின் முதல் அடையாளங்கள். அழுகை மிகவும் தாமதமாக வரும் அடையாளம். கடிகாரத்தைப் பார்த்து ஊட்டும்படி கற்பிக்கும் பயிற்சி, இந்த இரண்டு வகை அடையாளங்களையும் கவனிக்காமலிருக்கப் பழக்கிவிடுகிறது.

கையால் செய்ய வேண்டியதை வாயால் சொல்லி முடிப்பது

மெதுவாகப் புட்டிப்பால் ஊட்டும் முறையைப் படம் காட்டி விளக்கினால் எல்லோரும் தலையாட்டுவார்கள். மறுநாள் பழையபடி குழந்தையைப் படுக்க வைத்துப் புட்டியைத் தலைகீழாகக் கவிழ்ப்பார்கள். பணியாளர்களை இருவர் இருவராக உட்கார வைத்து, ஒருவரை நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து அண்ணாந்திருக்கச் சொல்லி, மற்றவர் ஒரு புட்டித் தண்ணீரைக் கவிழ்த்து அவர் வாயில் ஊற்றுவது போலக் கொடுக்கட்டும். குடிப்பவர் மூச்சுவிடுவதற்காகவே விழுங்க வேண்டியிருக்கும். இரண்டு மிடறு கடந்ததும் கையை உயர்த்தி நிறுத்தச் சொல்வார், தண்ணீர் கன்னத்தில் வழியும். பிறகு நிமிர்ந்து உட்கார்ந்து, புட்டியைக் கிடைமட்டமாகப் பிடித்துக் குடிக்கச் செய்தால் வேறுபாடு அவர் உடம்புக்கே தெரிந்துவிடும். அதன் பின்னர் பொம்மையை மடியில் வைத்துப் பழகலாம்: குழந்தையை நிமிர்த்திப் பிடிப்பது, நிப்பிளால் உதட்டைத் தொட்டு அது தானாக வாய் திறக்கும்வரை காத்திருப்பது, நிப்பிளில் பால் நிற்கும் அளவுக்கு மட்டும் புட்டியைச் சாய்ப்பது, சில மிடறுகளுக்கு ஒருமுறை புட்டியைத் தாழ்த்தி ஓய்வு கொடுப்பது, பாதியில் குழந்தையை மறு கைக்கு மாற்றுவது. ஒரு வேளைப் பால் முடிய 15 முதல் 20 நிமிடம் ஆகும். 'ஐந்து நிமிடத்தில் முடித்துவிட்டான்' என்பது பெருமைக்குரிய செய்தி அன்று. புட்டியைத் தலையணையில் சாய்த்து வைத்துவிட்டுப் போவது எந்த நிலையிலும் கூடாது என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டும்.

சேமிப்பு விதிகளை அரைகுறையாகச் சொல்வது

எண்களை மனப்பாடம் செய்யச் சொல்லாமல் ஃபிரிட்ஜின் மேல் ஒட்டிவைக்கச் சொல்ல வேண்டும். புதிதாக எடுத்த பால் 25 டிகிரி செல்சியஸ் வரையுள்ள அறை வெப்பநிலையில் 4 மணி நேரமும், 4 டிகிரியில் உள்ள ஃபிரிட்ஜில் 4 நாட்களும் தாங்கும். உறைநிலைப் பெட்டியில் 6 மாதத்துக்குள் பயன்படுத்துவது சிறந்தது. உறைந்த பாலை இளக்கி ஃபிரிட்ஜில் வைத்தால் 24 மணி நேரம் வரை கொடுக்கலாம். மீண்டும் உறையவைக்கக் கூடாது. பலரும் தடுமாறுவது இந்த 24 மணி நேரத்தில்தான்: அது பாலை வெளியே எடுத்த நேரத்திலிருந்து அல்லாமல், முழுவதும் இளகி முடிந்த நேரத்திலிருந்து எண்ணப்படுகிறது. அதேபோல் புட்டியின் மேல் எழுத வேண்டியது காப்பகத்துக்கு வந்த தேதியை அன்று, பால் எடுக்கப்பட்ட தேதியை. இந்த அளவுகள் நிறைமாதத்தில் பிறந்த, நலமான குழந்தைகளுக்கானவை. குறைமாதக் குழந்தைக்கு மருத்துவர் வேறு கட்டுப்பாடு சொல்லியிருந்தால் அதுவே விதி.

முதலில் கேட்ட 30 மில்லிலிட்டருக்கான விடையும் இங்கேதான் இருக்கிறது. குழந்தை வாய்வைத்த பாலை, குடித்து முடித்த நேரத்திலிருந்து இரண்டு மணி நேரத்துக்குள் கொடுக்கலாம். அதற்குப் பிறகு கொட்டிவிட வேண்டும். வீணாவதைக் குறைக்க, 60 முதல் 100 மில்லிலிட்டர் கொண்ட சிறு பகுதிகளாகப் பாலை அனுப்பும்படி பெற்றோரிடம் கேட்கலாம்.

சூடாக்குவதற்கு வெதுவெதுப்பான தண்ணீர் உள்ள பாத்திரம் போதும். மைக்ரோவேவில் பால் ஒரே சீராகச் சூடாகாது. புட்டி கைக்கு இதமாக இருக்கையில் உள்ளே ஓரிடத்தில் வாயைச் சுடும் அளவுக்குக் கொதித்திருக்கும். மேலே ஆடைபோல் கொழுப்புப் பிரிந்து நிற்பது கெட்டுப்போனதன் அறிகுறி ஆகாது. மெதுவாகச் சுழற்றினால் கலந்துவிடும். நீலச்சாயல், மஞ்சள் சாயல், சிலரது பாலில் சோப்பை ஒத்த வாசனை ஆகிய எல்லாமே இயல்பானவை. இதைச் சொல்லிக்கொடுக்காத காரணத்தால் ஒரு தாய் இரவில் விழித்திருந்து எடுத்த பால் கழிவுத்தொட்டியில் கொட்டப்படுவது கொடுமையானது.

அச்சத்தைக் கற்பிப்பதும், ஆபத்தைக் கற்பிக்காததும்

சில வகுப்புகளில் தாய்ப்பாலைத் தொட்டால் கையுறை அணிய வேண்டும், தனி ஃபிரிட்ஜ் வேண்டும் என்று கற்பிக்கிறார்கள். தாய்ப்பால் உணவு; அதை ஊட்டுவதற்குக் கையுறை தேவையில்லை, கையைக் கழுவினால் போதும். மற்ற உணவுகள் இருக்கும் ஃபிரிட்ஜிலேயே, பெயர் எழுதிய மூடிய புட்டியில் வைக்கலாம். ஆனால் ஒரு குழந்தையின் பாலை இன்னொரு குழந்தைக்கு மாற்றிக் கொடுத்துவிடுவது உண்மையான ஆபத்து. அது நடந்தால் என்ன செய்வது என்பதை நடப்பதற்கு முன்பே ஒத்திகை பார்க்க வேண்டும்: உடனே நிறுத்துவது, இரு குடும்பங்களுக்கும் மறைக்காமல் தெரிவிப்பது, நேரத்தையும் அளவையும் பதிவு செய்வது, மருத்துவ ஆலோசனைக்கு வழிசெய்வது. ஒரே பெயருள்ள இரு குழந்தைகள் இருக்கும் அறையில், புட்டியைத் திறப்பதற்கு முன் முழுப்பெயரை வாய்விட்டுப் படித்து மற்றொரு பணியாளர் ஆமோதிக்கும் வழக்கம் மிகவும் உதவும்.

யாரை அழைக்க மறக்கிறோம்

கைக்குழந்தை அறையின் பணியாளர்களுக்கு மட்டும் பயிற்சி கொடுத்தால் போதும் என்று எண்ணுவது இன்னொரு பிழை. சமையலறையில் இருப்பவர், வரவேற்பில் அமர்பவர், விடுப்புக்கு மாற்றாக வருபவர் ஆகிய எல்லோரும் அந்த ஃபிரிட்ஜையும் அந்தத் தாயையும் சந்திக்கிறார்கள். பால் கொடுக்க நேரில் வந்த தாயைக் கழிப்பறைப் பக்கம் கைகாட்டி அனுப்பிவிடுபவர் பெரும்பாலும் பயிற்சி பெறாத ஒருவர்தான். முதல் ஆறு மாதம் தாய்ப்பால் மட்டும், அதன் பிறகு பிற உணவுகளுடன் இரண்டு வயது வரையிலும் அதற்கு மேலும் தாய்ப்பால் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. ஆகவே நடக்கத் தொடங்கிய குழந்தைகளின் அறைப் பணியாளரும் இந்த வகுப்பில் இருக்க வேண்டியவரே. 'இவ்வளவு பெரியவனாகியும் இன்னும் பால் குடிக்கிறானா?' என்ற கேலி அந்த அறையில்தான் எழும்.

வகுப்பில் அமர்ந்திருக்கும் பெண்களிலும் பால் கொடுத்தவர்கள், கொடுக்க இயலாமல் போனவர்கள், கொடுக்க விரும்பாதவர்கள் எனப் பலர் இருப்பார்கள். தாய்ப்பால் கொடுப்பதே தாய்மை என்ற தொனியில் பேசும் பயிற்சியாளர், முதல் பத்து நிமிடத்திலேயே அவர்களில் சிலரை இழந்துவிடுகிறார். இன்னொரு பக்கம், 'என் பிள்ளைக்கு நான் இப்படித்தான் செய்தேன்' என்ற சொந்த அனுபவம் காப்பகத்தின் விதியாகிவிடாமலும் பார்த்துக்கொள்ள வேண்டும். மார்பு வலி, குழந்தையின் எடை ஏறாமை, சிறுநீரால் நனையும் துணிகளின் எண்ணிக்கை குறைதல் போன்றவற்றைக் கவனித்தால் பணியாளர் வைத்தியம் சொல்லாமல், யாரிடம் போக வேண்டும் என்பதை மட்டும் சொல்ல வேண்டும்.

இலவசமாகக் கிடைக்கிறது என்பதற்காகப் பவுடர் பால் நிறுவனங்களின் கையேடுகளையும் சுவரொட்டிகளையும் வகுப்பில் பயன்படுத்துவது தவறு என்பதைச் சொல்லிவிட்டு மேலே செல்லலாம். தாய்ப்பால் மாற்றுப் பொருட்களின் விற்பனையை நெறிப்படுத்தும் சர்வதேச விதித்தொகுப்பு 1981-இல் வந்ததே இத்தகைய விளம்பரங்களைக் கட்டுப்படுத்தத்தான்.

தேர்வு வைத்து முடித்துவிடுவது

தாய்ப்பாலின் பத்து நன்மைகளை எழுதச் சொல்லும் தேர்வில் எல்லோரும் தேறிவிடுவார்கள். இரண்டு வாரம் கழித்துக் காப்பகத்துக்குப் போய், ஒருவர் புட்டியை எடுத்துப் பெயர் பார்த்து, சூடாக்கி, ஊட்டி முடிக்கும்வரை அருகில் அமர்ந்து பார்ப்பதே சரியான மதிப்பீடு. பணியாளர்கள் மாறிக்கொண்டே இருக்கும் தொழில் இது என்பதால், ஆண்டுக்கு ஒரு வகுப்பு என்ற கணக்கும் நிற்காது. புதிதாகச் சேர்பவர், முதல் புட்டியைத் தனியாகக் கையில் எடுப்பதற்கு முன் பழகியவர் ஒருவருடன் சேர்ந்து செய்து பார்த்திருக்க வேண்டும்.

அப்படிப் பார்க்கப் போகும்போது நான் முதலில் கேட்பது ஊட்டல் பதிவேட்டைத்தான். 'நன்றாகக் குடித்தாள்' என்று எழுதியிருந்தால் தாய்க்கு அதனால் பயனில்லை. '3.10-க்கு 70 மி.லி. குடித்தாள், முகத்தைத் திருப்பியதும் நிறுத்திவிட்டோம், 4.40-க்கு மீண்டும் பசித்தது, நீங்கள் 5 மணிக்கு வருவதால் 20 மி.லி. மட்டும் கொடுத்தோம்' என்று எழுதியிருந்தால், உள்ளே வரும் தாய் பையைக் கீழே வைத்துவிட்டு, அங்கிருக்கும் நாற்காலியிலேயே அமர்ந்து பால் கொடுக்கத் தொடங்கலாம்.