ஃபேன் இல்லாத ஹீட் சிங்க்கா? ஒன்று விட்டு ஒன்று ஃபின்னை அறுத்துப் போடுங்கள்

பழைய கம்ப்யூட்டரிலிருந்து கழற்றிய சிபியு ஹீட் சிங்க்கை (சூட்டை வாங்கி, வரிசையாக நிற்கும் மெல்லிய தகடுகளான ஃபின்கள் வழியாகக் காற்றில் விடும் உலோகக் கட்டி) பவர் சப்ளையில் ஃபேன் இல்லாமல் மாட்டிவிட்டு, "இத்தனை ஃபின் இருந்தும் ஏன் இப்படிச் சுடுது?" என்று மண்டையைப் பிய்த்துக்கொள்கிறவர்கள் நிறையப் பேர். நானும் அந்தக் கூட்டத்தில் இருந்தவன்தான்.

ஒரு ஊதுபத்தியைக் கொளுத்தி, சூடாக இருக்கும் ஹீட் சிங்க்கின் அடியில் பிடித்துப் பாருங்கள். ஃபின்கள் நெருக்கமாக இருந்தால் புகை சந்துக்குள் நுழையாமல் வெளிப்பக்கமாகவே சுற்றிக்கொண்டு மேலே போகும். சூடான தகட்டை ஒட்டிச் சில மில்லிமீட்டருக்குக் காற்று மந்தமாகத்தான் நகரும். 2 மிமீ சந்தில் இரண்டு பக்கத்து மந்தக் காற்றும் முட்டிக்கொண்டால் அப்புறம் எங்கே ஓட்டம்? ஃபேன் இருந்தால் அடித்துத் தள்ளிவிடும், அதனால் அங்கே 2–3 மிமீ சரி. ஃபேன் இல்லாதபோது, ஹீட் சிங்க் 10 செ.மீ. உயரம், அறைக் காற்றைவிட 40 டிகிரி சூடு என்று வைத்துக்கொண்டால் 6–7 மிமீ இடைவெளி வேண்டும். உயரம் பாதியானாலும் அது 5.5 மிமீ வாக்கில்தான் நிற்கும்.

என்னிடம் இருந்தது 1 மிமீ தடிமன் ஃபின், 2 மிமீ சந்து, உயரம் 6.5 செ.மீ. ஒன்று விட்டு ஒன்று அறுத்தால் சந்து 5 மிமீ ஆகிறது. பரப்பளவு கிட்டத்தட்ட பாதி போய்விடுகிறதே என்று மனசு அடித்துக்கொள்ளும், ஆனால் காற்றே போகாத பரப்பளவு இருந்தென்ன, போயென்ன. முதலில் சர்க்யூட்டிலிருந்து ஹீட் சிங்க்கைக் கழற்றிவிடுங்கள், அலுமினியத் தூள் போர்டில் விழுந்தால் ஷார்ட்தான். வைஸில் இரண்டு பக்கமும் மரத்துண்டு கொடுத்துப் பிடித்து, ஆக்சா பிளேடால் அடிவரை அறுத்து, பிசிறை அரத்தால் தேய்த்துவிட்டு நன்றாகக் கழுவிக் காயவையுங்கள். மாட்டும்போது சந்துகள் மேலும் கீழுமாக நிற்கட்டும், படுக்கவைத்தால் செய்த வேலை வீண். பெட்டிக்குள் வைப்பதாக இருந்தால் அடியிலும் மேலேயும் ஓட்டை போடுங்கள்.

சிலர் தடிமனான ஃபின் தேடி அலைவார்கள். 4 செ.மீ. நீளமுள்ள 1 மிமீ அலுமினிய ஃபின், ஃபேன் இல்லாத காற்றில் 95 சதவீதத் திறனோடு வேலை செய்கிறது, அதற்கு மேல் தடிமன் வெறும் கனம். வேகமான ஃபேன் வைத்தால் அதே ஃபின்னின் நுனி சூடு எட்டாமல் திறன் 80க்குக் கீழே இறங்கலாம், குட்டையான, தடித்த ஃபின் அங்கேதான் உதவும்.

பளபளவென்று மின்னும் அலுமினியம் வெப்பத்தைக் கதிர்வீச்சாக மிகக் கொஞ்சம்தான் விடும், கஞ்சத்தனம். அனோடைஸ் செய்தது (மேலே ஆக்சைடு படலம் ஏற்றியது) நன்றாக விடும், கறுப்பாகத்தான் இருக்க வேண்டும் என்றில்லை. ஃபேன் வைத்தால் இதெல்லாம் பெரிய விஷயமில்லை.

எவ்வளவு பெரிய ஹீட் சிங்க் வேண்டும் என்பதற்குக் கணக்கு இருக்கிறது. 5 வோல்ட் தரும் ரெகுலேட்டர் ஐசியான 7805க்கு 12 வோல்ட் கொடுத்து 0.8 ஆம்பியர் எடுத்தால், மிஞ்சும் 7 வோல்ட் சூடாகிறது: 7 × 0.8 = 5.6 வாட். ஐசியின் உள்ளே 125 டிகிரியைத் தாண்டக் கூடாது, நம் ஊர் வெயிலுக்கு அறை 40 என்று வையுங்கள். 85ஐ 5.6ஆல் வகுத்தால் வாட்டுக்கு 15 டிகிரி. அதில் ஐசியின் உள்ளேயே 5 போய்விடும், ஐசிக்கும் ஹீட் சிங்க்குக்கும் நடுவே பூசும் பேஸ்ட்டுக்கு 1 விடுங்கள். மீதி 9, ஆகவே வாட்டுக்கு 9 டிகிரி அல்லது அதற்கும் குறைவான ஹீட் சிங்க் வாங்குங்கள்.

பேஸ்ட்டை வெண்ணெய் மாதிரி அப்ப வேண்டாம், அடிப்பகுதி மேடுபள்ளமாக இருந்தால் கண்ணாடி மேல் உப்புத்தாளை விரித்துத் தேய்த்துவிட்டு மெல்லிய படலமாகப் பூசினால் போதும். 7805இன் முதுகுத் தகடு கிரவுண்ட், அப்படியே திருகலாம். எல்எம்317 என்ற இன்னொரு ரெகுலேட்டரில் அதே தகடு அவுட்புட், மைக்கா (மின்சாரம் கடத்தாத மெல்லிய தகடு) போடாமல் கிரவுண்டைத் தொடும் ஹீட் சிங்க்கில் திருகிவிட்டு வோல்டேஜ் வரவில்லையே என்று தேடாதீர்கள்.