பழைய வீட்டை ரெண்டு பேரா சேர்ந்து புதுப்பிக்கப் போறீங்களா? இந்தத் தப்பெல்லாம் பண்ணிடாதீங்க

கல்யாணம் ஆன கொஞ்ச நாள்லயே ஒரு பழைய வீடு கைக்கு வந்திருக்கு, இடிச்சுக் கட்டாம இருக்கிறதையே நல்லா சரி பண்ணி குடியிருக்கலாம்னு ரெண்டு பேரும் முடிவு பண்ணியிருக்கீங்க. ரொம்ப நல்ல முடிவு. ஆனா சாவி வந்த முதல் வாரமே சுத்தியலைத் தூக்கிடாதீங்க. பழைய வீட்டுல பெரிய நஷ்டமெல்லாம் பெரும்பாலும் அந்த ஆரம்ப வேகத்துலதான் நடக்குது, ஏன் இப்படிக் கட்டியிருக்காங்கன்னு புரியறதுக்கு முன்னாடியே ஒரு ஜன்னலை அடைச்சிருப்பாங்க, கதவைக் கழட்டி வித்திருப்பாங்க, பூச்சைக் கொத்தியிருப்பாங்க. முடிஞ்சா ஒரு மழைக்காலம் வரைக்கும் பெரிய வேலை எதையும் ஆரம்பிக்காதீங்க. மழை கொட்டும்போது டார்ச் எடுத்துக்கிட்டு பரண் மேல ஏறிப் பாருங்க, வெளிய போய் தண்ணி எங்க விழுது எங்க தேங்குதுன்னு பாருங்க. எந்த இன்ஸ்பெக்‌ஷன் ரிப்போர்ட்டும் இந்த அளவுக்கு விஷயம் சொல்லாது. அடைச்சிடலாம்னு நினைச்ச அந்த சின்ன ஜன்னல்தான் வீட்டுக்கே காத்து கொடுக்குதுன்னு வெயில் நாள்லதான் தெரியும்.

முதல் எதிரி தண்ணி. சுவர் அடியில ஓதம் ஏறி பெயின்ட் உப்பி நிக்கும், உடனே வாட்டர்ப்ரூஃப் பெயின்ட் அடிச்சா சரியாயிடும்னு தோணும். தயவுசெஞ்சு வேண்டாம். ஈரம் வர்றதை அந்த பெயின்ட் நிறுத்தாது, காயற வழியைத்தான் அடைக்கும், அப்புறம் மாட்டிக்கிட்ட ஈரம் இன்னும் மேல ஏறி வேற இடத்துல தலைகாட்டும். முதல்ல எங்கிருந்து வருதுன்னு கண்டுபிடிங்க. தரையிலருந்து ஏறுற ஓதம் பொதுவா ஒரு மீட்டர் உயரத்தோட நின்னுடும். அதுக்கும் மேல சுவர் நனைஞ்சிருந்தா கூரை ஒழுகல், மழைத்தண்ணி குழாய் உடைப்பு, சுவருக்குள்ள ஓடுற பைப்புன்னு வேற காரணத்தைத் தேடணும். சந்தேகமா இருந்தா அந்த இடத்துல ஒரு துண்டு அலுமினியம் ஃபாயிலை வெச்சு நாலு பக்கமும் டேப்பால நல்லா ஒட்டி ரெண்டு நாள் விடுங்க. வெளிப்பக்கம் முத்து முத்தா நீர் படிஞ்சிருந்தா அறைக் காத்துல இருக்கிற ஈரம் குளிர்ந்த சுவர்ல படியுதுன்னு அர்த்தம், காத்தோட்டத்தை சரி பண்ணணும். உள்பக்கம் நனைஞ்சிருந்தா ஈரம் சுவருக்குள்ளருந்துதான் வருது.

நிறைய வீட்டுல காரணம் ரொம்ப சாதாரணமா இருக்கும். வெளித்தரையை மாத்தி மாத்தி உயர்த்தி உயர்த்தி கடைசியில அது உள்தரை மட்டத்துக்கே வந்திருக்கும். வெளித்தரை குறைஞ்சது 15 சென்டிமீட்டராவது கீழ இருக்கணும், தண்ணி சுவரை விட்டு வெளிய ஓடுற மாதிரி வாட்டமும் வேணும். மண்ணை வெட்டி எடுத்து வாட்டத்தை சரி பண்ணினாலே பல சுவர் தானா காய ஆரம்பிக்கும், ஆனா காய மாசக்கணக்குல ஆகும். அதுவரைக்கும் புதுசா எதையும் பூசாம பொறுமையா இருக்கணும், அதுதான் கஷ்டம்.

அடுத்தது சிமென்ட். எனக்கு இதுல ரொம்ப ஆதங்கம் உண்டு, ஏன்னா நல்ல எண்ணத்தோட நல்ல சுவரைக் கெடுக்கிற வேலை இது. சுண்ணாம்புக் காரையில கட்டின சுவரா இல்லையான்னு பாக்கிறது ஈஸி. கல்லுக்கு நடுவுல இருக்கிற கலவையை ஒரு ஆணியால சுரண்டிப் பாருங்க, மெத்துன்னு பொடியா உதிர்ந்து நடு நடுவுல சின்னச் சின்ன வெள்ளைக் கட்டி தெரிஞ்சா பெரும்பாலும் சுண்ணாம்புதான். அந்தக் கலவை செங்கல்லை விட மென்மையா இருக்கிறது வேணும்னே. வீடு லேசா அசைஞ்சா அது விட்டுக்கொடுக்கும், சுவர்ல ஏறுற ஈரம் அது வழியா வெளிய போயிடும், தேய்ஞ்சாலும் அதுதான் தேயும், அதை மட்டும் மறுபடி அடைச்சுக்கலாம். அது மேல கெட்டியான சிமென்ட் பூசினா எல்லாமே தலைகீழ். சிமென்ட்ல விழுற மெல்லிசு விரிசல் வழியா மழைத்தண்ணி உள்ள போகும், வெளிய வர வழி கிடையாது, ஈரத்தோட வர்ற உப்பு செங்கல்லுக்குள்ளயே படிகமா வளர்ந்து அதைப் பொரிய வைக்கும். எனக்குத் தெரிஞ்ச ஒரு ஜோடி அப்படிப்பட்ட சுவரைத் தட்டினப்போ நான் கூட இருந்தேன், பூச்சு பாளமா கழண்டு வந்துச்சு, திருப்பிப் பாத்தா செங்கல்லோட முகமும் அதுலயே ஒட்டிக்கிட்டு வந்திருக்கு, சுவர்ல மிச்சம் இருந்த கல்லை விரலால தேச்சா சிவப்பு மாவா கொட்டுது. வெளிய பாக்க அந்தச் சுவர் கெட்டியா, புதுசாதான் இருந்துச்சு.

அதனால சுண்ணாம்புச் சுவருக்கு சுண்ணாம்பேதான், அதுல கை பழகின கொத்தனாரைத் தேடிப் பிடிங்க. காத்துல இருக்கிற கார்பன் டை ஆக்ஸைடை மெதுவா உறிஞ்சித்தான் சுண்ணாம்பு இறுகும், அதனால மெல்லிசா அடுக்கடுக்காப் பூசணும், வெயில்ல படக்குனு காய விடாம ஈரத்துணி போட்டு மூடி வெக்கணும். மேல அடிக்கிற பெயின்டும் காத்து போற மாதிரி சுண்ணாம்பு வெள்ளையா இருந்தா நல்லது, பிளாஸ்டிக் மாதிரி மூடுற பெயின்ட் அடிச்சா பட்ட பாடெல்லாம் வீண். அதே மாதிரி செங்கல் அழகாத் தெரியணும்னு மணல் பீய்ச்சி கிளீன் பண்றதும் வேண்டாம். சூளையில வெந்த வெளித்தோல்தான் செங்கல்லுக்குப் பாதுகாப்பு, அது போயிட்டா கல்லு தண்ணியைக் குடிக்க ஆரம்பிச்சிடும்.

ஹாலைப் பெருசாக்க நடுச்சுவரை எடுத்துடலாம்னு ஆசை வரும். தட்டிப் பாத்து சத்தத்தை வெச்சோ, சுவர் மெல்லிசா இருக்குன்னோ முடிவு பண்ணாதீங்க. ஆரம்பத்துல பாரம் தாங்காத சுவர் கூட மேல உத்தரம் வருஷக்கணக்கா தொய்ஞ்சு தொய்ஞ்சு அது மேலயே உக்காந்திருக்கும். ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர் பாக்காம ஒரு கல்லைக் கூட எடுக்காதீங்க, இதுல மட்டும் காசை மிச்சம் பிடிக்கவே கூடாது. விரிசலுக்கும் அப்படித்தான், பட்டி அடிச்சு மூடுறதுக்கு முன்னாடி ரெண்டு முனையிலயும் பென்சிலால கோடு போட்டு தேதி எழுதி வெச்சு, மழையும் வெயிலும் ஒரு சுத்து போனதுக்கப்புறம் நீளுதான்னு பாருங்க. தலைமுடி அளவு விரிசல் பெரும்பாலும் பூச்சு சுருங்கினதுதான். 5 மில்லிமீட்டருக்கு மேல அகலமா இருந்தாலோ, ஜன்னல் மூலையிலருந்து படிக்கட்டு மாதிரி சரிஞ்சு ஓடினாலோ காத்திருக்க வேண்டாம், உடனே இன்ஜினியரைக் கூப்பிடுங்க.

மர ஜன்னல் ஓரத்துல மக்கிடுச்சுன்னு மொத்தமா தூக்கிப் போட்டுட்டு புது அலுமினியம் போடுறதைப் பாத்தா மனசு வலிக்குது. பழைய மரங்கள்ல பலது நிதானமா வளர்ந்து வைரம் பாய்ஞ்ச மரம், அந்தத் தரத்துல இப்ப கிடைக்கிறதே அபூர்வம். ஸ்க்ரூடிரைவர் முனையால குத்திப் பாத்தா மக்கினது எதுவரைக்கும்னு தெரிஞ்சிடும், அந்தப் பகுதியை மட்டும் அறுத்து எடுத்துட்டு அதே ஜாதி மரத்துல ஒட்டுத்துண்டு வெச்சு நல்ல ஆசாரி சேத்துடுவார். உத்தரத்துல சுவருக்குள்ள நுழையற முனையைத்தான் முதல்ல பாக்கணும், மக்கல் பெரும்பாலும் அங்கதான் ஆரம்பிக்கும். கழட்டுற ஒவ்வொரு கதவுக்கும் நம்பர் எழுதி, அதோட கீல், தாழ்ப்பாள், திருகாணி எல்லாத்தையும் அதே நம்பர் போட்ட பையில வைங்க. ஆளி விதை எண்ணெய் தேச்சு மரத்தை மெருகேத்தினீங்கன்னா அந்தத் துணியை சுருட்டி மூலையில போட்டுடாதீங்க, காயும்போது சூடாகி தானாவே தீப்பிடிக்கும். வெளிய ஒத்தையா விரிச்சுக் காய வைங்க.

வயரிங்ல ஸ்விட்ச் போர்டை மட்டும் புதுசா மாத்திட்டு உள்ள பழைய வயரையே விட்டுடறது ரொம்ப சகஜம், ரொம்ப ஆபத்தும் கூட. பழைய ரப்பர் உறை போட்ட வயர் வருஷம் போகப் போக இறுகி, மடக்கினா பொடிப்பொடியா உதிரும். 3000 வாட்ஸ் ஹீட்டர் ஒண்ணு 230 வோல்ட்ல 13 ஆம்பியர் இழுக்கும், நாலு லைட்டுக்காக இழுத்த வயர் அதைத் தாங்காது. ஃபியூஸ் அடிக்கடி போகுதுன்னு பெருசா போட்டா எரியப்போறது சுவருக்குள்ள இருக்கிற வயர். முழுசா மாத்தி, எர்த் போட்டு, 30 மில்லிஆம்பியர் கசிவுக்கே கட் ஆகுற பிரேக்கர் வெச்சுடுங்க.

பழைய பெயின்ட்டை வறட்டு உப்புத்தாள் போட்டுத் தேய்க்கிறதுக்கு முன்னாடி ஈயம் இருக்கான்னு டெஸ்ட் பண்ணுங்க. அந்தத் தூசி குழந்தைகளுக்கும் வயித்துல இருக்கிற சிசுவுக்கும் ரொம்பக் கெடுதல், கர்ப்பமா இருக்கிறவங்களோ குழந்தைக்குத் திட்டம் போடுறவங்களோ அந்த வேலை பக்கமே போகாம பழகின ஆளுங்ககிட்ட விட்டுடறது நல்லது. கூரையிலயோ பழைய குழாயிலயோ ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம்னு தோணினா அறுக்காதீங்க, துளை போடாதீங்க, உடைக்காதீங்க.

வேலை வரிசை மாறினா காசு ரெட்டிப்பா போகும். கூரை, வடிகால், பாரம் தாங்குற பகுதி, அப்புறம் கரையானும் மக்கலும், அப்புறம் வயரும் பைப்பும், அதுக்கப்புறம்தான் பூச்சு, தரை, பெயின்ட். பட்ஜெட்ல 15-லருந்து 20 சதவீதம் தனியா எடுத்து வைங்க, பழைய வீட்டுல தோண்டத் தோண்ட ஏதாவது வரும், அழகான விளக்கைப் பாத்துட்டு அந்தக் காசைத் தொட்டுடாதீங்க.

இனி உங்க ரெண்டு பேரைப் பத்தி. வேலை செய்யறவங்ககிட்ட அவர் ஒண்ணு சொல்லி இவங்க ஒண்ணு சொன்னா கொத்தனார் கடைசியா கேட்டதைத்தான் செய்வார், அதனால பேசறது ஒருத்தரா இருக்கட்டும், முடிவு ரெண்டு பேரோடதா இருக்கட்டும். எவ்வளவு செலவு வரைக்கும் ஒருத்தரே முடிவு எடுக்கலாம்னு முன்னாடியே பேசி வைங்க. ட்ரில் பிடிக்கிறது எப்பவும் ஒருத்தர், குப்பை அள்ளுறது எப்பவும் இன்னொருத்தர்னு ஆயிடக் கூடாது, பழக்கம் இல்லாதவங்களுக்கும் கத்துக்க நேரம் குடுங்க, கொஞ்சம் கோணலா வந்தாலும் பரவாயில்ல. வேலை நடக்கும்போது அங்கயே குடியிருந்தா ஒரு ரூமும் ஒரு பாத்ரூமும் முதல்லயே முடிச்சு, கதவுக்குத் தடிமனான ஷீட் கட்டி தூசி நுழையாம பாத்துக்குங்க, சிமென்ட் மூட்டையோ டைல்ஸ் பெட்டியோ ஒரு ராத்திரிக்குன்னு கூட அங்க வைக்க விடாதீங்க. லீவு நாளெல்லாம் வேலைக்கே போயிட்டா ரெண்டு பேரும் களைச்சுப் போய் டைல்ஸ் கலருக்கெல்லாம் சண்டை வரும், வாரத்துல ஒரு நாள் வீட்டு வேலைப் பேச்சே எடுக்காதீங்க. அப்புறம், பூச்சு போட்டு மூடுறதுக்கு முந்தின நாள் ரெண்டு பேரும் அளவு டேப்பை சுவர் மேல பிடிச்சு ஒவ்வொரு வயரையும் பைப்பையும் போட்டோ எடுத்து ரெண்டு போன்லயும் வெச்சுக்குங்க, பின்னாடி ஒரு ஆணி அடிக்கணும்னா கூட அதைப் பாத்துட்டு அடிக்கலாம்.