செக் போட்டாச்சுங்க என்றால் பணம் வந்தாச்சு என்று அர்த்தமில்லை

திருப்பூர், கரூர், ஈரோடு பக்கம் கம்பெனிகளில் கணக்கு எழுதப் புதிதாகச் சேரும் பசங்கள், பழைய கணக்குப்பிள்ளைகள் செய்த அதே தவறைத்தான் செய்கிறார்கள். அவர்கள் பாஸ்புக்கைப் பார்த்து ஏமாந்தார்கள், இவர்கள் செல்போனைப் பார்த்து ஏமாறுகிறார்கள். ஓடிபி சொல்லாதே, தெரியாத லிங்க்கைத் தொடாதே என்பதெல்லாம் கேட்டுக் காது புளித்த சங்கதி. அதை விட்டுவிடலாம். மோசடியில் மாட்ட வைக்கும் மற்ற தவறுகள் இவை.

கணக்கில் தெரியும் தொகையைக் கைக்காசு என்று நினைப்பது

இந்த ஒன்றுக்குத்தான் இன்னும் எரிச்சல் தீரவில்லை. எத்தனை முறை சொன்னாலும் நடக்கிறது.

கரூரில் பெட்ஷீட், தலையணை உறை தைக்கும் ஒரு சின்ன யூனிட் என்று வைத்துக்கொள்ளுங்கள். வாட்ஸ்அப்பில் வெளியூர் ஆர்டர் ஒன்று வருகிறது: 2,40,000 ரூபாய்க்குச் சரக்கு. விலையில் பேரமே இல்லை. (கரூர் சரக்கைப் பேரம் பேசாமல் வாங்குகிறவனைப் பார்த்தாலே சந்தேகம் வர வேண்டும்.) வெள்ளிக்கிழமை சாயந்திரம் அஞ்சு மணிக்கு மேல் ஃபோன் அடிக்கிறது. “அண்ணா, உங்க கணக்குல செக் போட்டாச்சுங்க. எங்க அக்கவுண்டன்ட் கைத்தவறா 3,90,000-னு எழுதிட்டாருங்க. மீதி ஒன்றரை லட்சத்த மட்டும் லாரிக்காரர் கணக்குக்கு ஐஎம்பிஎஸ் போட்டு உட்டுருங்க. காலைல வண்டி லோடுக்கு வந்துரும்.” (ஐஎம்பிஎஸ் என்றால் உடனே போய்ச் சேரும் வங்கிப் பரிமாற்றம்.) கூடவே வங்கி முத்திரை குத்திய செலான் போட்டோ. செக்கை எந்திரத்தில் நுழைத்ததுமே சில வங்கிகளில் கணக்குக்காரருக்கு எஸ்எம்எஸ்ஸும் வந்துவிடும். அதில் தொகை முதலில் இருக்கும். ‘வசூலானால் மட்டுமே’ என்ற பொருளில் ஒரு வாசகம் கடைசியில் இருக்கும். கணக்கு எழுதும் பையன் தொகையைப் படித்ததோடு சரி, ஒன்றரை லட்சத்தை அனுப்பிவிட்டான்.

திங்கட்கிழமை செக் திரும்புகிறது. ஒன்றரை லட்சம் போனது போனதுதான். செக் திரும்பியதற்கான கட்டணத்தையும் அதன்மேல் ஜிஎஸ்டியையும் வங்கி நம்மிடமே பிடித்துக்கொள்ளும்.

ஏன் இப்படி ஆகிறது என்றால், நம் வங்கியில் செக் போடுவது பணத்தைக் கேட்டு அனுப்பும் விண்ணப்பம் மட்டுமே. நம் வங்கி செக்கை ஸ்கேன் செய்து படத்தை அனுப்புகிறது. எழுதியவருடைய வங்கிதான் கையெழுத்து, இருப்பு, திருத்தம், பணம் தர வேண்டாம் என்ற உத்தரவு எல்லாவற்றையும் பார்த்து ‘சரி’ அல்லது ‘திருப்பு’ என்கிறது. அந்தச் ‘சரி’ வரும்வரை தொகை மொத்த இருப்பில் தெரியலாம். எடுக்கக்கூடிய இருப்பில் சேராது. வங்கி ஆப்பில் இவை இரண்டும் தனித்தனி வரி. பார்க்க வேண்டியது இரண்டாவதை.

2025 அக்டோபர் 4 முதல் இந்தச் செக் கிளியரிங் வேகமாகிவிட்டது. பகலில் குறித்த நேரத்துக்குள் போகும் செக்குக்கு அன்று இரவு 7 மணிக்குள் எழுதியவருடைய வங்கி பதில் சொல்லியாக வேண்டும். இனி பயமில்லை என்று சிலர் நினைத்தார்கள். ஆனால் அந்த நேரம் தாண்டிப் பெட்டியில் விழும் செக் அடுத்த வேலை நாளுக்குத்தான் போகும். இரண்டாவது, நான்காவது சனிக்கிழமை வங்கி விடுமுறை. அதற்கு முந்தின வெள்ளிக்கிழமை சாயந்திரத்தில் அவன் கூப்பிடுவது தற்செயல் இல்லை. இரண்டரை நாள் அவகாசம் வேண்டும் அவனுக்கு, அவ்வளவுதான்.

செய்ய வேண்டியது இது. கூடுதலாக வந்த பணத்தைச் செக் பாஸ் ஆகும் முன் ஒரு ரூபாய்கூட அனுப்பக் கூடாது. பாஸ் ஆன பிறகும் லாரிக்காரர், தம்பி, ஏஜென்ட் என்று மூன்றாவது ஆள் கணக்குக்கு அனுப்பக் கூடாது. செக் எந்தக் கணக்கிலிருந்து வந்ததோ அதே கணக்குக்கு, அதே பெயருக்கு, வங்கி வழியாக மட்டும் திருப்ப வேண்டும். திருட்டுச் செக்காக இருந்தால் பாஸ் ஆன பிறகும் பிரச்சினை நம் கணக்கைத் தேடி வரும் என்பதால்தான் இது. உண்மையான வியாபாரியாக இருந்தால் இன்னும் சுலபம்: “அந்தச் செக்க நிறுத்திட்டு, சரியான தொகைக்கு ஆர்டிஜிஎஸ் போடுங்க” என்றால் போட்டுவிடுவார். மோசக்காரன் கோபப்படுவான், அவசரப்படுத்துவான். லாரி டிரைவர் பெயரில் இன்னொருவன் லைனில் வந்து திட்டுவான்.

செக் தாளைத் தடவிப் பார்த்து முடிவு செய்வது

வெளிச்சத்தில் பிடித்தால் ‘சிடிஎஸ் இந்தியா’ நீரெழுத்து தெரிய வேண்டும். கலர் ஜெராக்ஸ் என்றால் தாள் முழுக்க ‘வாய்டு’ அல்லது ‘காப்பி’ என்ற எழுத்து எழும்பும். கீழே உள்ள ஒன்பது இலக்க எம்ஐசிஆர் எண்ணின் முதல் மூன்று இலக்கம் ஊரைச் சொல்லும்: கோயமுத்தூருக்கு 641, மும்பைக்கு 400. கோயமுத்தூர்க் கிளை என்று அச்சடித்து 400-இல் ஆரம்பித்தால் அங்கேயே நிறுத்துங்கள். தேதி போட்டு மூன்று மாதம் தாண்டிய செக் செல்லாது.

இதெல்லாம் கத்துக்குட்டிப் போலியைப் பிடிக்க உதவும். மூடிய கணக்கின் அசல் செக் இத்தனை சோதனையிலும் தேறிவிடும். தாள் நல்ல தாள்தான், பின்னால் பணம்தான் இல்லை.

அமெரிக்காவில் இருக்கும் பிள்ளைக்குச் சொல்லாமல் விடுவது

கோயமுத்தூர், சேலம் கல்லூரிகளில் படித்துவிட்டு எம்எஸ் போன பிள்ளைகளுக்கு இதே வித்தை வேறு வேஷத்தில் வருகிறது. வீட்டிலிருந்தே வேலை, இன்டர்வியூ சாட்டில் மட்டும், மறுநாளே ஆர்டர். லேப்டாப் வாங்க என்று ஒரு செக் வரும். “இதைப் போட்டுவிட்டு எங்கள் கடைக்காரருக்குப் பணம் அனுப்பு” அல்லது “கிஃப்ட் கார்டு வாங்கி நம்பர் அனுப்பு” என்பார்கள். அங்கே சட்டப்படி வங்கிகள் செக் தொகையைச் சீக்கிரமே எடுக்க விட வேண்டும். போலி என்று தெரிய வாரக்கணக்கில் ஆகலாம். அதனால் பணத்தை எடுக்க முடிவதுகூட அங்கே அத்தாட்சி இல்லை. செலவழித்ததை வங்கி அந்தப் பிள்ளையிடமே கேட்கும். வங்கியே எழுதித் தருகிற கேஷியர்ஸ் செக் என்றாலும் இதே கதிதான், அதையும் போலியாக அடிக்கிறார்கள்.

முதலில் வந்த 150 ரூபாயை நம்புவது

டெலிகிராம் டாஸ்க் வேலையும் கிட்டத்தட்ட இந்தச் செக்கேதான். வீடியோவுக்கு லைக் போட்டால், ஓட்டலுக்கு ஸ்டார் கொடுத்தால் 50 ரூபாய். மூன்று போட்டதும் 150 நிஜமாகவே கணக்கில் விழும். அடுத்தது ‘ப்ரீபெய்டு டாஸ்க்’: 1,000 கட்டினால் 1,300 திரும்பும், அதுவும் வரும். பிறகு 5,000, 28,000, 70,000. ஸ்கிரீனில் லாபம் ஏறும், எடுக்க முடியாது. “நீங்க தப்பா அழுத்திட்டீங்க, குரூப்பில் மத்தவங்க பணமும் மாட்டிக்கிச்சு” என்று பழி வேறு. குரூப்பில் நன்றி சொல்லி ஸ்கிரீன்ஷாட் போடும் மற்றவர்கள் எல்லாம் அவர்கள் ஆட்களே.

‘வரி கட்டினால் ரிலீஸ் ஆகும்’ என்ற பேச்சு வந்ததும் நிறுத்த வேண்டும். வரியை லாபத்தில் பிடித்துக்கொள்ளச் சொல்லிப் பாருங்கள், முடியாது என்பான். அங்கே பிடிக்க எந்தப் பணமும் இல்லை.

டேட்டா என்ட்ரிக்கு வந்த ‘வக்கீல் நோட்டீஸு’க்குப் பயந்து கட்டுவது

98 சதவீதம் சரியாக இருக்க வேண்டும் என்பார்கள், வேண்டுமென்றே தோற்கடிப்பார்கள், பிறகு ஒப்பந்தத்தை மீறிவிட்டதாக வாட்ஸ்அப்பில் கோர்ட் முத்திரையோடு மிரட்டல் வரும். கட்டாதீர்கள், பேசாதீர்கள், ஸ்கிரீன்ஷாட் எடுத்துப் புகார் கொடுங்கள். கோபி, பவானி பக்கம் வீட்டிலிருந்து வேலை தேடும் பெண்கள் இதை வீட்டில் சொல்லக் கூச்சப்பட்டு நகையை அடகு வைக்கும் அளவுக்குப் போகிறார்கள். சொன்னால் ஒரு நாள் திட்டு, சொல்லாவிட்டால் வட்டி.

கமிஷனுக்குக் கணக்கை இரவல் கொடுப்பது

வங்கிக் கணக்கு முடங்கும், விசாரணைக்கு முதல் அழைப்பு உங்களுக்குத்தான்.

டூரிஸ்ட் விசாவில் கம்போடியா வேலை

வேண்டாம். ஏஜென்ட்டின் உரிம எண்ணை அரசின் இ-மைக்ரேட் தளத்தில் தேடுங்கள், இல்லையென்றால் பேச்சே வேண்டாம்.

நாளைக்குப் பார்க்கலாம் என்று 1930-ஐத் தள்ளிப்போடுவது

பணம் முதல் கணக்கில் நிற்பது கொஞ்ச நேரம்தான். அங்கிருந்து நாலைந்து கணக்குக்குப் பிரிந்து, ஏடிஎம்மில் கரைந்துவிடும். சைபர் மோசடிப் புகாருக்கான ஃபோன் எண்ணான 1930-க்குச் சொன்னால் பணம் போன பாதையில் உள்ள வங்கிகளுக்குத் தகவல் போகும். எங்கே மீதி இருக்கிறதோ அங்கே முடக்குவார்கள். மீதி இருந்தால்தான் முடக்க முடியும்.

கூப்பிடும் முன் ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள்: நம் வங்கி, கணக்கு எண், அனுப்பிய தேதி, நேரம், தொகை, பரிவர்த்தனை எண் (யுபிஐ என்றால் 12 இலக்கம்), வாங்கியவரின் யுபிஐ ஐடி அல்லது கணக்கு எண். லைன் கிடைக்காவிட்டால் காத்திருக்காமல் ‘சைபர்கிரைம் டாட் கவ் டாட் இன்’ தளத்தில் நேரடியாகப் பதியுங்கள். ஃபோனில் சொன்னால் ஒப்புகை எண் தருவார்கள். 24 மணி நேரத்துக்குள் அதை வைத்துத் தளத்தில் புகாரை முழுமையாக்க வேண்டும். இந்த இரண்டாவது படியை விட்டுவிடுகிறவர்கள் நிறையப் பேர். நம் வங்கிக்கும் தனியாகச் சொல்லுங்கள்.

கண்டுபிடித்துவிட்டோம் என்று அவனிடம் காட்டிக்கொள்ளும் முன் ஸ்கிரீன்ஷாட் எடுத்துவிட வேண்டும். டெலிகிராமில் அவன் நினைத்தால் இரண்டு பக்கத்து சாட்டையும் அழிக்கலாம். தெரியும் பெயர் மாறிக்கொண்டே இருக்கும். யூசர்நேம், குரூப் லிங்க், போன் நம்பர்தான் உதவும். “ஒரு கை பாக்கறேன்டா” என்று மெசேஜ் போட்டுவிட்டு ஆதாரம் இல்லாமல் ஸ்டேஷனில் நிற்பது வழக்கமாக நடப்பது.

ரிசர்வ் வங்கி 2017 ஜூலை 6-இல் போட்ட சுற்றறிக்கையைக் காட்டி வங்கியிடம் சண்டைக்குப் போகிறவர்களும் உண்டு. அது நமக்குத் தெரியாமல் போன பணத்துக்கு. நாமே பின் போட்டு அனுப்பியதற்கு உதவாது.

செக் ரிட்டர்ன் மெமோவைத் தூக்கிப் போடுவது

சரக்கைக் கொடுத்துவிட்டுச் செக் திரும்பியிருந்தால் அந்தத் துண்டுச் சீட்டுதான் வழக்கின் அச்சாணி. கைக்கு வந்த நாளிலிருந்து 30 நாளுக்குள் செக் கொடுத்தவருக்கு எழுத்தில் நோட்டீஸ், அவர் பெற்றதும் பணம் தர 15 நாள், தராவிட்டால் அதன்பின் ஒரு மாதத்துக்குள் கோர்ட்டில் நெகோஷியபிள் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் சட்டத்தின் (செக்குகளுக்கான சட்டம்) 138-ஆவது பிரிவில் புகார். நோட்டீஸைப் பதிவு வசதியோடு ஸ்பீட் போஸ்டில் அனுப்பி ரசீதையும் மெமோவோடு சேர்த்துப் பின் அடித்து வையுங்கள்.

‘மீட்டுத் தருகிறோம்’ என்று கூப்பிடுகிறவனை நம்புவது

சில வாரம் கழித்து வருவான். போன தொகையைச் சரியாகச் சொல்வான், ஏனென்றால் பட்டியல் அவர்களுக்குள்தான் கைமாறுகிறது. ஃபைல் சார்ஜ் 4,999 என்பான்.