விமான தூரமும் பயண நேரமும்: கணக்கில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சிங்கப்பூரின் சாங்கி விமான நிலையத்திலிருந்து, நியூயார்க் நகரை ஒட்டிய நியூவார்க் விமான நிலையம் ஏறத்தாழ 15,340 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது. இதை மணிக்கு 900 கிலோமீட்டர் என்ற வேகத்தால் வகுத்து, 17 மணி நேரத்தில் போய்ச் சேரலாம் என்று முடிவு கட்டுவதே பலரும் செய்யும் முதல் தவறு. 2018 அக்டோபரில் இந்த நேரடிச் சேவையை மீண்டும் தொடங்கிய சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் அறிவித்த தூரமோ சுமார் 16,700 கிலோமீட்டர்; நேரம் 18 மணி 45 நிமிடம் வரை.

முதலில் சொன்ன எண், உருண்டையான பூமியின் மேல் அளக்கும் மிகக் குறுகிய தூரம். சுவரில் தொங்கும் தட்டையான வரைபடத்தில் கோடு போட்டால் அது தெரியாது. உலக உருண்டையில் இரு ஊர்களுக்கும் இடையே நூலை இழுத்துப் பிடித்தால், அது வட துருவத்தை ஏறக்குறைய தொட்டுச் செல்வதைக் காணலாம். ஆனால் நியூவார்க் செல்லும் விமானம் பெரும்பாலும் அந்த வழியில் செல்வதில்லை. மேற்கிலிருந்து கிழக்காக வீசும் உயர்வான் காற்றோட்டம் பின்னாலிருந்து தள்ளுவதால், பசிபிக் பெருங்கடலின் வட பகுதியைச் சுற்றிச் செல்வது தூரத்தில் நட்டமானாலும் நேரத்திலும் எரிபொருளிலும் லாபமாக அமைகிறது. திரும்பும்போது அதே காற்று எதிர்க்காற்றாகிவிடும் என்பதால், போகும் நேரத்தையே திரும்பும் நேரமாகக் கொள்வதும், வந்த வழியே விமானம் திரும்பும் என்று எண்ணுவதும் பிழை.

அலகுக் குழப்பம் சிறியதாகத் தோன்றும், விளைவு சிறியதன்று. வான்வழித் தூரம் பெரும்பாலும் கடல் மைலில் தரப்படுகிறது. கடல் மைல் 1.852 கிலோமீட்டர், சாதாரண மைல் சுமார் 1.609 கிலோமீட்டர். மேற்கண்ட தூரமான 8,285 கடல் மைலைச் சாதாரண மைல் என்று கொண்டால், கணக்கில் 2,000 கிலோமீட்டர் காணாமல் போய்விடும்.

பயணச்சீட்டில் உள்ள நேரம் வானில் பறக்கும் நேரம் மட்டுமன்று. புறப்படும் வாயிலிலிருந்து விமானம் நகர்வது முதல் சேருமிடத்தின் வாயிலில் நிற்பது வரையிலான காலம் முழுவதும் அதில் அடங்கும்; ஓடுபாதைக்குக் காத்திருப்பதும் இதற்குள்தான்.

எல்லாவற்றையும்விட அதிகம் ஏமாற்றுவது கடிகாரம். புறப்படும் நேரமும் சேரும் நேரமும் அந்தந்த ஊர் நேரத்தில் அச்சிடப்படுகின்றன. சிங்கப்பூரில் இரவு 11.30 மணிக்குக் கிளம்பி 18 மணி 40 நிமிடம் பறப்பவர், குளிர்காலமாயின் நியூயார்க் நேரப்படி மறுநாள் காலை 5.10 மணிக்கு இறங்குவார். இரண்டையும் கழித்துப் பார்ப்பவருக்கு ஆறு மணி நேரத்துக்கும் குறைந்த பயணம் போலத் தோன்றும். மார்ச் இரண்டாம் ஞாயிறு முதல் நவம்பர் முதல் ஞாயிறு வரை அமெரிக்கா கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே நகர்த்துவதால், 13 மணி நேர வேறுபாடு 12 ஆகக் குறைகிறது. திரும்பும் வழியில் கவனம் இன்னும் கூடுதலாக வேண்டும்: நியூயார்க்கில் இரவு 10.30 மணிக்கு ஏறுபவர் சிங்கப்பூரில் இறங்கும்போது தேதி இரண்டு நாள் தள்ளியிருக்கும். விடுதி அறையை மறுநாளுக்கே பதிவு செய்திருந்தால், ஓர் இரவு வாடகை வீண்தான்.

பழைய குறிப்புகளை நம்புவதும் ஆபத்து. 2022இல் ரஷ்ய வான்வெளி ஐரோப்பிய விமானங்களுக்கு மூடப்பட்டதும், சுமார் ஒன்பதரை மணி நேரமாக இருந்த ஃபின்ஏர் நிறுவனத்தின் ஹெல்சிங்கி - டோக்கியோ பயணம் ஏறத்தாழ 13 மணி நேரமாக நீண்டது. விமான நிலையங்கள் இரண்டும் இருந்த இடத்திலேயே இருக்கின்றன. தூரம் காட்டும் கணிப்பான்கள் இன்றும் அதே பழைய எண்ணைத்தான் காட்டும்.