'வடமாநில வாலிபர் கைது' என்று படித்ததும் செய்ய வேண்டியவை

2023 தொடக்கத்தில் எங்கள் திருப்பூரைப் பற்றி இரண்டு விதமான வீடியோக்கள் பரவின. ஜனவரி கடைசியில் வந்ததில், வடமாநிலத் தொழிலாளர்கள் கூட்டமாகச் சேர்ந்து தமிழர்களை விரட்டி அடிக்கிறார்கள் என்று எழுதியிருந்தது. அடுத்து மார்ச் முதல் வாரத்தில் பீகார் பக்கம் அதற்கு நேர்மாறாக ஒன்று ஓடியது. தமிழ்நாட்டில் இந்தி பேசுகிறவர்களைத் தேடித் தேடிக் கொல்கிறார்களாம். பீகார் சட்டமன்றத்தில் அமளி நடந்தது. அந்த மாநில அரசு நான்கு அதிகாரிகளை விசாரிக்க இங்கே அனுப்பியது.

விசாரித்தபோது தெரிந்தது இதுதான். முதல் வீடியோ, ஜனவரி நடுவில் ஒரு டீக்கடையில் சிகரெட் புகையை வைத்து வந்த தகராறு. பீகாரில் ஓடியவற்றைப் பற்றி அன்றைய டிஜிபி சைலேந்திர பாபு விளக்கம் கொடுத்தார். ஒன்று, திருப்பூரில் பீகார் தொழிலாளர்களே இரு பிரிவாக மோதிக்கொண்டது. இன்னொன்று, கோவையில் உள்ளூர்க்காரர்களுக்குள் நடந்த சண்டை.

திருப்பூருக்கு ஒருநாளும் வராதவர்கள் தலையில் இரண்டு முழுத் திருப்பூர்கள் இருந்தன. ஒன்றில் தமிழன் பயந்து ஓடுகிறான், மற்றதில் பீகாரி. இரண்டும் நடந்ததாகச் சொல்லப்பட்ட அதே தெருக்களில் நாங்கள் காலையில் பால் வாங்கிக்கொண்டிருந்தோம்.

நான் ஒரு தமிழ் நாளிதழின் மாவட்டப் பதிப்பில் பல வருஷம் பக்கம் பார்த்தவள், அதாவது செய்திகளைத் தொகுத்துப் பக்கம் தயாரித்தவள். என் வீட்டுக்காரர் சின்னதாக மெஷின் போட்டு பனியன் ஜாப் ஒர்க் எடுக்கிறார். செய்தி எப்படித் தயாராகிறது என்பதும் தெரியும், செய்தியில் வருகிற ஆட்கள் மதியம் என்ன சாப்பிடுகிறார்கள் என்பதும் தெரியும். பொய்ச் செய்தியைக் கண்டுபிடிக்கச் சொல்லித்தர இப்போது நிறையப் பேர் இருக்கிறார்கள், நல்லது. ஆனால் என் கவலை வேறு. எழுத்துக்கு எழுத்து உண்மையான செய்திகளே சேர்ந்து நம் தலைக்குள் ஒரு தப்பான ஊரைக் கட்டிவிடும். அதைப் பிரித்துப் பார்ப்பதற்கு நான் கைக்கொள்ளும் வழிகளை இங்கே எழுதுகிறேன்.

தலைப்பில் ஆளை மாற்றிப் போடுங்கள்

குற்றச் செய்தி பெரும்பாலும் போலீஸ் குறிப்பிலிருந்து வருகிறது. அதில் பெயர், வயது, தகப்பனார் பெயர், சொந்த ஊர் எல்லாம் இருக்கும். ஒற்றைக் காலம், அதாவது ஒரு பத்தி அகலத் தலைப்புக்கு மூன்று நான்கு சொல்தான் பிடிக்கும். பிரபலம் இல்லாதவரின் பெயரைத் தலைப்பில் போட்டால் யாருக்கும் புரியாது. அதனால் ஆளைச் சுட்ட ஒரு சொல் தேடுவார்கள். உள்ளூர் ஆள் என்றால் 'வாலிபர்', 'டிரைவர்', 'தொழிலாளி'. பீகார், ஒடிசா என்று குறிப்பில் இருந்தால் 'வடமாநில' என்பது தானாக வந்து உட்கார்ந்துகொள்ளும். இதற்கு யாருக்கும் கெட்ட எண்ணம் இருக்க வேண்டியதில்லை. இடமும் அவசரமும் போதும்.

விளைவு என்ன? உள்ளூர்க்காரன் திருடினால் அது அவன் செய்த திருட்டு. வெளிமாநிலத்துக்காரன் திருடினால் அவன் மாநிலமே திருடிய கணக்கு. ஒரு வாரம் உங்கள் ஊர்ப் பக்கத்தைப் பேனாவோடு படியுங்கள். கைதானவரின் ஊர், சாதி, மதம், பாலினம் எதையாவது தலைப்பு சொன்னால் அதைச் சுற்றி வட்டம் போடுங்கள். திருநங்கைகள் பற்றிய செய்திகளை விட்டுவிடாதீர்கள், அவர்கள் விஷயத்தில் இது இன்னும் மோசம். அப்புறம் வட்டம் போட்ட சொல்லை அடித்துவிட்டுத் தலைப்பைத் திரும்பப் படியுங்கள். செய்தி அப்படியே நிற்கிறதா? நின்றால் அந்தச் சொல் செய்திக்குத் தேவைப்படவில்லை.

அது எப்படித் தைக்கும் என்று தெரியவேண்டுமானால் இடத்தை மாற்றுங்கள். பெங்களூரில் செயின் பறித்தவன் சேலத்துக்காரன் என்று வைத்துக்கொள்வோம். 'தமிழக வாலிபர் கைது' என்று அங்கே தலைப்பு வந்தால், வாடகைக்கு வீடு தேடும் உங்கள் பிள்ளைக்கு அதனால் என்ன ஆகும்? பழைய இந்திப் படங்களில் 'மதராசி' என்றால் பட்டை விபூதியும் 'ஐயையோ' என்ற ஒரு சொல்லுமாக வந்து போவார். அதைப் பார்த்து நமக்குக் கோபம் வந்தது. நம் படங்களில் வட்டிக்கு விடும் சேட்டும், வட சென்னை என்றாலே ரவுடியும் வந்தபோது அந்தக் கோபம் வரவில்லை. நம்மைப் பற்றிய படம் தப்பாக இருந்தால் உடனே தெரிந்துவிடுகிறது, ஏனென்றால் ஒப்பிட நம்மிடம் ஆயிரம் ஆட்கள் இருக்கிறார்கள். மற்றவர்களைப் பற்றிய படத்துக்கு ஒப்பிட ஆளில்லை.

எத்தனையில் ஒன்று?

பக்கத்து வீட்டில் ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள். இந்தியாவில் ஒரு வருஷத்தில் கொலையாகிறவர்கள் அதிகமா, சாலை விபத்தில் சாகிறவர்கள் அதிகமா? விபத்து என்று சரியாகச் சொல்கிறவர்கள்கூட எத்தனை மடங்கு என்று கேட்டால் தயங்குவார்கள். 2022-ல் சாலை விபத்தில் இறந்தவர்கள் 1,68,491 பேர். அதே ஆண்டு தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்கில் கொலை வழக்குகள் 28,522. கிட்டத்தட்ட ஆறு மடங்கு.

நம் மனதில் ஏன் அப்படிப் பதியவில்லை என்பதற்குப் பக்கம் பார்த்த எனக்கு ஒரு பதில் உண்டு. பைக் மோதி ஒருவர் இறந்தால் அது ஒரு நாள், ஒற்றைக் காலம், கீழே ஒரு மூலை. கொலை அப்படி முடியாது. உடல் கண்டெடுப்பு ஒரு நாள், தனிப்படை ஒரு நாள், கைது ஒரு நாள், 'பரபரப்பு வாக்குமூலம்' ஒரு நாள், பிறகு ஜாமீன், சாட்சி, தீர்ப்பு. நடந்தது ஒன்று, படித்தது ஏழு. மனசு ஏழாகத்தான் எண்ணுகிறது. டிவி செய்தி என்றால் அதே காட்சி மணிக்கு ஒரு தரம். அமெரிக்காவில் ஜார்ஜ் கெர்ப்னர் என்ற ஆய்வாளர் 1970-களிலேயே இதைக் கவனித்துச் சொன்னார். டிவி அதிகம் பார்க்கிறவர்கள், குறைவாகப் பார்க்கிறவர்களைவிட உலகம் ஆபத்தானது என்று நம்பும் போக்கு இருந்தது.

ஆகவே ஒரு வகை ஆட்களைப் பற்றி அடிக்கடி படிப்பதாகத் தோன்றினால் இரண்டு கேள்வி கேளுங்கள். இது வேறு வேறு சம்பவமா, ஒரே சம்பவத்தின் தொடர்ச்சியா? இந்த ஆட்கள் மொத்தம் எத்தனை பேர் இங்கே இருக்கிறார்கள்? வடமாநிலத் தொழிலாளி கைதானால் செய்தி, செத்தால் செய்தி. காலையிலிருந்து ராத்திரி வரை ஓவர்லாக் மெஷினில் உட்கார்ந்து தைத்தால் அது செய்தி ஆகாது. ஆனால் அநேகமாக எல்லோரும் செய்வது அதைத்தான்.

பெண் பிள்ளைகளைப் பெற்றவர்களுக்கு இதில் ஒன்றைக் கட்டாயம் சொல்ல வேண்டும். 'தெரியாத ஆளிடம் பேசாதே' என்றுதான் வளர்க்கிறோம், செய்தியில் வரும் வில்லனும் முகம் தெரியாதவன். ஆனால் தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் வருஷா வருஷம் வெளியிடும் கணக்கில், பலாத்கார வழக்குகளில் பத்தில் ஒன்பதுக்கும் மேல் குற்றம் சாட்டப்பட்டவர் அந்தப் பெண்ணுக்குத் தெரிந்தவர்தான். தெருமுனையில் நிற்கும் இந்திக்காரப் பையனையே பார்த்துக்கொண்டிருந்தால் பார்க்க வேண்டிய இடத்தை விட்டுவிடுவோம்.

வீடியோவின் இரண்டு முனைகள்

வீடியோ எங்கே தொடங்குகிறது, எங்கே முடிகிறது என்பதை யாரோ ஒருவர் முடிவு செய்திருக்கிறார். 2018-ல் இந்தியா முழுக்க ஒரு வீடியோ சுற்றியது. பைக்கில் வந்த இருவர் தெருவில் விளையாடும் குழந்தையைத் தூக்கிக்கொண்டு போவார்கள். அது பாகிஸ்தானின் கராச்சியில் எடுத்த விழிப்புணர்வுப் படம். முழுப் படத்தில் அவர்களே குழந்தையைத் திரும்பக் கொண்டுவந்து விட்டு, எச்சரிக்கை எழுதிய அட்டையைக் காட்டுவார்கள். அந்தக் கடைசித் துண்டை வெட்டிவிட்டுத்தான் அனுப்பினார்கள். வடநாட்டுக் கும்பல் பிள்ளை பிடிக்க வந்திருக்கிறது என்ற செய்தி தமிழ்நாட்டிலும் அதே நேரம் ஓடியது. அந்த மே மாதம் திருவண்ணாமலை மாவட்டம் போளூர் பக்கம் அத்திமூரில், குலதெய்வம் கோயிலுக்கு உறவினர்களோடு வந்த 65 வயது அம்மா ஒருவரை ஊரே சேர்ந்து அடித்துக் கொன்றது. வழியில் குழந்தைகளுக்கு சாக்லேட் கொடுத்திருக்கிறார். அவர் சென்னையிலிருந்து வந்த தமிழ்ப் பெண்மணி.

தலைக்குள் இருக்கும் படத்துக்குக் கண் முன்னால் நிற்கும் ஆளைவிட பலம் அதிகம் என்பதற்கு இதைவிடக் கொடுமையான சாட்சி எனக்குத் தெரியாது.

வீடியோ வந்தால் முதலில் சத்தத்தை நிறுத்திவிட்டு, மேலே எழுதியிருப்பதைக் கையால் மறைத்துப் பாருங்கள். படத்தில் என்ன தெரிகிறது என்று மட்டும் சொல்லிப் பாருங்கள். 2023 மார்ச்சில் ரயில் நிலையங்களில் வடமாநிலத் தொழிலாளர்கள் கூட்டமாக நின்ற காட்சிகளை 'உயிருக்குப் பயந்து ஓடுகிறார்கள்' என்று பரப்பினார்கள். எழுத்தை மறைத்தால் தெரிவது பைகளோடு நிற்கும் கூட்டம், அவ்வளவுதான். அந்த ஆண்டு ஹோலி மார்ச் 8. ஜார்க்கண்ட் பக்கம் போகும் தன்பாத் எக்ஸ்பிரஸுக்கு, ஹோலி சமயத்திலும் பீகார்க்காரர்களின் பண்டிகையான சத் பூஜை சமயத்திலும் திருப்பூரில் எப்போதும் அப்படித்தான் கூட்டம் நிற்கும். அன்று வதந்தியால் பயந்து போனவர்களும் அந்தக் கூட்டத்தில் இருந்தார்கள், அதையும் சொல்லத்தான் வேண்டும்.

கடைப் பலகை எந்த மொழி, வண்டி நம்பர் எந்த மாநிலம், வெயிலா மழையா, பேச்சு எந்த ஊர்ப் பேச்சு என்பதெல்லாம் அடுத்தது. இவை பழகினால் சீக்கிரம் கைவந்துவிடும்.

நோட்டில் ஒரு பக்கம்

நான் அதிகம் நம்புவது இந்தப் பயிற்சியைத்தான். கல்லூரிப் பிள்ளைகளை உட்காரவைத்து இதைத்தான் முதலில் செய்யச் சொல்கிறேன். ஒரு நோட்டில் நடுவில் கோடு போடுங்கள். உங்களுக்குப் பழக்கமில்லாத ஒரு பிரிவினரைத் தேர்ந்தெடுத்து, அவர்களைப் பற்றி உங்களுக்குத் 'தெரிந்ததை' எல்லாம் இடது பக்கம் எழுதுங்கள். நாகரிகம் பார்க்க வேண்டாம், மனசில் உள்ளதை அப்படியே எழுதுங்கள். வலது பக்கம், ஒவ்வொன்றும் எங்கிருந்து வந்தது என்று எழுதுங்கள்: நேரில் பார்த்தது, செய்தி, சினிமா, மொபைலில் வந்தது, யாரோ சொன்னது.

வடமாநிலத்தவர் பற்றி இங்கே பிள்ளைகள் எழுதியவற்றில் திரும்பத் திரும்ப வருபவை: பான் போட்டுத் துப்புவார்கள், நேரில். ஒரே ரூமில் பத்து பேர் இருப்பார்கள், நேரில். கத்தி வைத்திருப்பார்கள், மொபைல். நம்மைவிடக் குறைந்த கூலிக்கு வந்து நம் வேலையைக் கெடுக்கிறார்கள், அப்பா சொன்னது.

'நேரில்' என்று வந்ததில் மேலும் ஒரு கேள்வி கேட்பேன். ஒரே ரூமில் பத்து பேர் இருப்பது அவர்கள் குணமா, அந்த ரூமின் வாடகையா? நாம் துபாய்க்கும் சிங்கப்பூருக்கும் போன ஆட்களிடம் கேட்டால் பதில் கிடைக்கும். கூலி விஷயத்தை எங்கள் யூனிட்டிலேயே கேட்டுப் பார்க்கச் சொன்னேன். பீஸ் ரேட், அதாவது தைக்கும் உருப்படிக்கு இவ்வளவு என்ற கூலி, எல்லோருக்கும் ஒன்றுதான். வித்தியாசம் எங்கே என்றால், ஒடிசாப் பையன்கள் ராத்திரி ஷிப்ட்டுக்கும் நிற்பார்கள். உள்ளூர் டெய்லர் அக்காக்களுக்கு ஆறு மணிக்கு வீட்டுக்குப் போய் உலை வைக்க வேண்டும். காண்ட்ராக்டர் மூலம் வருகிறவர்களுக்கு அவருடைய பிடித்தம் வேறு. எல்லாக் கம்பெனியிலும் இப்படித்தான் என்று நான் சொல்ல முடியாது, இது நான் நேரில் பார்த்த ஒரு இடம். ஆனால் கேட்டுவிட்டு வந்த பிறகு அந்தப் பிள்ளைகளின் கோபம் பையன்களை விட்டு ஷிப்ட் நேரத்துக்கும் பிடித்தத்துக்கும் நகர்ந்தது.

செய்தியும் மொபைலும் மட்டுமே வலது பக்கத்தை நிரப்பியிருந்தால், அந்தப் பிரிவில் ஒருவரிடமாவது பேசும் வரை அந்தப் பக்கத்தை மூடி வையுங்கள். பேச்சு என்றால் பேட்டி எடுப்பது போல வேண்டாம். எங்கள் காம்பவுண்டில் குடியிருக்கும் ஒடிசா அம்மாவிடம் நான் முதலில் பேசியது தண்ணி மோட்டார் பற்றி. அவருடைய மகள் அரசுப் பள்ளியில் நாலாவது படிக்கிறாள். பஸ் போர்டைத் தமிழில் படித்து அம்மாவுக்குச் சொல்வது அவள்தான்.

பெரியப்பாவிடம் சொல்வது

குடும்ப குரூப்பில் இப்படி ஒன்று வந்தால் எல்லோர் முன்னாலும் திருத்தாதீர்கள். வயசில் பெரியவர் அங்கே தோற்க விரும்ப மாட்டார், வீம்புக்காவது இன்னொன்று போடுவார். தனியாக போன் பண்ணுங்கள். "பெரியப்பா, அந்த வீடியோ எந்த ஊருன்னு தெரிஞ்சுதுங்களா? அனுப்பினவருக்கு யார் கொடுத்தாங்கன்னு கேட்டுச் சொல்றீங்களா?" என்று கேளுங்கள். பொய் என்று நீங்கள் சொல்ல வேண்டாம். அவர் கேட்டுப் பார்த்தால் இரண்டாவது ஆளோடு சங்கிலி அறுந்துவிடும், பெரும்பாலும் அப்படித்தான். மேலே இரட்டை அம்புக்குறி போட்டுப் பல முறை அனுப்பப்பட்டது என்று காட்டினால் அதையும் அவரையே படிக்கச் சொல்லுங்கள்.

தமிழில் யூடர்ன் போன்ற சரிபார்ப்புத் தளங்களில் தேடிக் கிடைத்தால் இணைப்பை அனுப்பலாம், ஆனால் பேசிய பிறகு அனுப்புங்கள். போன் பேசுவதை நாளைக்குத் தள்ளிப் போடாதீர்கள். வாட்ஸாப்பில் எல்லோருக்கும் சேர்த்து அழிக்கும் வசதி இரண்டு நாள் சொச்சம்தான் வேலை செய்யும். எப்படி அழிப்பது என்று பெரியப்பாவுக்குத் தெரியாவிட்டால் சாயங்காலம் நேரில் போய், அந்தச் செய்தியை அழுத்திப் பிடித்து, குப்பைத்தொட்டிப் படத்தைத் தொடச் சொல்லிக் காட்டிவிட்டு வாருங்கள்.